திண்டுக்கல் மாவட்ட நூலகங்களும் நூலக வரியும் (2011–2021)

திண்டுக்கல் மாவட்டத்தின் பொது நூலகங்களை நடத்திவருவது மாவட்ட நூலக ஆணைக்குழு ஆகும். பெயரைக் கேட்டால் இன்னோர் அரசு அலுவலகம் என்றே தோன்றும். ஆனால் அதன் வருவாய் வரும் வழியைப் பார்த்தால் அது ஒரு கூட்டுக் குடும்பம் என்பது விளங்கும். மாநகராட்சி, நகராட்சிகள், 23 பேரூராட்சிகள், 306 ஊராட்சிகள் ஆகியவை மக்களிடம் வீட்டுவரி வாங்கும்போது அதனுடன் நூலக வரியையும் சேர்த்து வாங்கி, ஆணைக்குழுவின் நிதியில் செலுத்துகின்றன. பூ விற்கும் நிலக்கோட்டை, காய்கறி விற்கும் ஒட்டன்சத்திரம், சுங்குடி நெய்யும் சின்னாளபட்டி, நூற்பாலைகள் நிறைந்த வேடசந்தூர் என எல்லா ஊர்களின் பணமும் ஒரே பையில் சேர்கிறது. 2011 முதல் 2021 வரையிலான பத்தாண்டுகளில் இந்தப் பை சந்தித்த மாற்றங்களே இக்கட்டுரையின் பொருள்.

வரியின் வரலாறு

இந்த ஏற்பாட்டின் பின்னணியில் இருப்பவர் சீர்காழியில் பிறந்த சீ. இரா. அரங்கநாதன். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த அவர் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். அதே ஆண்டு பயிற்சிக்காக இலண்டன் சென்றார். இங்கிலாந்தில் 1850ஆம் ஆண்டுச் சட்டம், சொத்து மதிப்பில் ஒரு பவுனுக்கு அரைப் பென்னி வரை நூலகத்துக்காக வரி விதிக்க நகராட்சிகளுக்கு அனுமதி அளித்திருந்தது. 1855இல் அது ஒரு பென்னி ஆயிற்று. செல்வந்தரின் தயவை நம்பி நூலகம் நடத்தினால் அவர் காலத்தோடு அது முடிந்துவிடும். ஊரார் எல்லாரும் சிறுதொகை கொடுத்து நடத்தினால் நிலைக்கும் என்பதே அந்த நாட்டு அனுபவம்.

1928இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றியது. நூலகத்துக்குச் சட்டம் வேண்டும் என்று அரங்கநாதனும் சங்கத்தாரும் இருபது ஆண்டுகள் விடாமல் வேண்டினர். தி. சு. அவினாசிலிங்கம் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் ஒரு மாநிலம் இயற்றிய முதல் நூலகச் சட்டம் இதுவே. 1950 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

வீட்டுவரியில் ஒவ்வொரு ரூபாய்க்கும் ஆறு தம்படி, அதாவது அரையணா, நூலக வரி என்று சட்டம் விதித்தது. இன்றைய கணக்கில் ஏறத்தாழ 3 பைசா. பின்னர் அது 5 பைசாவாகி, இப்போது 10 பைசாவாக உள்ளது. சென்னை நகரம் நீங்கலாக மற்ற மாவட்டங்களில், வசூலாகும் வரிக்குக் குறையாத தொகையை அரசும் தன் பங்காகத் தர வேண்டும் என்பது சட்டத்தின் மற்றொரு சிறப்பு. ஊர் ஒரு ரூபாய் போட்டால் அரசும் ஒரு ரூபாய் போடும். ஊர் போடாவிட்டால் அரசின் ரூபாயும் சுருங்கும்.

1950களில் பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு நூலகங்களையும் தம் பொறுப்பில் வைத்து வளர்த்தார். 1972இல் பொது நூலகத்துறை தனித்துறை ஆயிற்று. அதன் முதல் இயக்குநர், இன்றைய தேனி மாவட்டத்தைச் சேர்ந்த வே. தில்லைநாயகம். அக்காலத்தில் திண்டுக்கல் நூலகங்கள் மதுரையின் கிளைகளாகவே இருந்தன. 1985 செப்டம்பர் 15 அன்று திண்டுக்கல் தனி மாவட்டமானது. அதன்பின் ஆணைக்குழுவும் தனியாயிற்று.

மாவட்ட மைய நூலகம், அதன்கீழ் கிளை நூலகங்கள், ஊர்ப்புற நூலகங்கள், பகுதிநேர நூலகங்கள் என்பது அடுக்கு. மாவட்ட நூலக அலுவலர் ஆணைக்குழுவின் செயலர். வரி மாவட்டத்தில் வசூலாகிறது. ஆனால் நூல்களைத் தேர்வு செய்வது மாநில அளவில். சமையலுக்குக் காசு கொடுப்பது ஒருவர், சந்தைக்குப் போவது இன்னொருவர் என்ற நிலை. கமலாம்பாள் சரித்திரம் எழுதிய பி. ஆர். ராஜம் ஐயரும், மணிக்கொடி எழுத்தாளர் பி. எஸ். ராமையாவும் பிறந்த வத்தலக்குண்டுக்கு எந்த நூல் வரவேண்டும் என்பதை வத்தலக்குண்டு வாசகர் நேரடியாக முடிவு செய்ய இயலாது. வாசகர் வட்டமும் புரவலர் திட்டமும் இந்தக் குறையை ஓரளவு போக்குகின்றன. ஆயிரம் ரூபாய் செலுத்தி ஒருவர் தம் ஊர் நூலகத்தின் புரவலர் ஆகலாம். அவர் பெயர் சுவரில் உள்ள பலகையில் எழுதப்படும்.

ஊராட்சி நூலகங்கள்

பத்தாண்டுக் கதைக்குச் சற்று முன்னால் போக வேண்டியுள்ளது. 2006இல் தமிழக அரசு அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியது. ஆண்டுக்குச் சுமார் 2,500 ஊராட்சிகள் வீதம், ஐந்தாண்டுகளில் 12,618 ஊராட்சிகளையும் எடுத்துக்கொள்வது திட்டம். ஒவ்வோர் ஊராட்சிக்கும் அடிப்படை ஒதுக்கீடு 20 லட்சம் ரூபாய். குளம், சுடுகாடு, விளையாட்டுத் திடல் ஆகியவற்றுடன் ஊருக்கு ஒரு நூலகமும் பட்டியலில் இருந்தது. பொது நூலகத்துறையின் நூலகங்கள் மாநிலம் முழுவதிலும் சேர்த்து 4,500க்குச் சற்று மேல்தான். ஆகவே ஒரே திட்டத்தில் அதைப்போல் இரண்டரை மடங்கு கட்டடங்கள் எழுந்தன. திண்டுக்கல் மாவட்டத்திலும் நூலகம் என்றால் பேருந்து ஏறிப் போகும் இடம் என்றிருந்த ஊர்களுக்கு அது ஊராட்சி அலுவலகத்தின் பக்கத்திலேயே வந்தது.

ஆனால் இவை ஆணைக்குழுவின் குடும்பத்தில் சேரவில்லை. ஊரக வளர்ச்சித் துறையின் கீழ், ஊராட்சியின் பொறுப்பில் இருந்தன. நூலகராக இருந்தவருக்குச் சிறு மதிப்பூதியம்தான். புதிய நூல், நாளிதழ்ச் சந்தா, மின்கட்டணம் எல்லாம் ஊராட்சியின் கையிருப்பைப் பொறுத்தவை. 2011இல் ஆட்சி மாறியது. புதிய அரசு குக்கிராமங்களை அலகாகக் கொண்ட 'தாய்' திட்டத்தைக் கொண்டுவந்தது. சாலை, குடிநீர், தெருவிளக்கு முன்னுக்கு வந்தன. ஊராட்சி நூலகத்தை யாரும் மூடச் சொல்லவில்லை, நடத்தவும் சொல்லவில்லை. மாநிலம் முழுவதும் இத்தகைய கட்டடங்கள் பல பூட்டிக் கிடந்தன. முதலில் நாளிதழ் நிற்கும். பிறகு நூலகர் வருவது குறையும். பிறகு சிமெண்டு மூட்டையும் பழுதான மோட்டாரும் உள்ளே போகும்.

இதில் கவனிக்க வேண்டிய முரண் ஒன்று உண்டு. இதே ஊராட்சிகளின் மக்கள் வீட்டுவரியோடு நூலக வரியும் கட்டிவந்தனர். அந்தப் பணம் ஆணைக்குழுவுக்குப் போயிற்று. அவர்கள் ஊரில் இருந்த நூலகமோ அந்த ஆணைக்குழுவின் நூலகம் அல்ல. ஆணைக்குழு நடத்திய ஊர்ப்புற நூலகம், வாடகைக் கட்டடமாக இருந்தாலும், கூரை ஒழுகினாலும், தொடர்ந்து நடந்தது. அதற்கென்று ஒரு நூலகரும், ஆண்டுதோறும் வரும் ஒரு வருவாயும் இருந்தன. இரண்டையும் 2011லேயே ஒரே நிர்வாகத்தின் கீழ்க் கொண்டுவந்திருந்தால் பல பூட்டுகளுக்கு வேலை இருந்திருக்காது.

வாசகர் மாற்றம்

நூலகத்துக்குள்ளும் மாற்றம் நிகழ்ந்தது. காலையில் நாளிதழ் பார்க்க வரும் பெரியவர், மாலையில் நாவல் மாற்ற வரும் இல்லத்தரசி, கோடை விடுமுறையில் காமிக்ஸ் தேடும் சிறுவன் என்போரே கிளை நூலகங்களின் பழைய வாசகர்கள். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் கைபேசித் தரவு மலிந்தது. நாளிதழ் கைக்குள் வந்துவிட்டது.

நாளிதழ் மேசை காலியானபோது வேறொரு கூட்டம் அதை நிரப்பியது. அரசுத் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் அவர்கள். 2018 பிப்ரவரி 11 அன்று நடந்த தொகுதி 4 தேர்வுக்கு மாநிலம் முழுவதும் 20 லட்சத்துக்கும் அதிகமானோர் விண்ணப்பித்தனர். கிராம நிர்வாக அலுவலர் பணியும் அந்தத் தேர்விலேயே சேர்க்கப்பட்டிருந்தது. ஓர் அறை வீட்டில் இருந்து வரும் பெண்ணுக்கு, மின்விசிறியும் அமைதியும் கட்டணமின்றிக் கிடைக்கும் இடம் நூலகம் ஒன்றே.

இந்த வாசகர்கள் நூல் இரவல் வாங்குவது குறைவு. அவர்களுக்கு வேண்டியது நாற்காலி, நீண்ட நேரம், கழிப்பறை, பள்ளிப் பாடநூல். தேர்வாணைய வினாக்கள் பெரும்பாலும் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான பாடநூல்களை ஒட்டி அமைவதால் அவற்றுக்கே தேவை மிகுதி. இதே பத்தாண்டில் அந்தப் பாடநூல்களும் இரண்டு முறை மாறின. 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் பத்தாம் வகுப்பு வரை எல்லா வகுப்புகளுக்கும் சமச்சீர்க் கல்வி நூல்கள் வந்தன. 2018–19இல் 1, 6, 9, 11ஆம் வகுப்புகளுக்கும் அடுத்த ஆண்டு மற்ற வகுப்புகளுக்கும் புதிய பாடநூல்கள் வந்தன. நூலகத்தில் நல்ல நிலையில் இருந்த ஒரு தொகுதி ஓராண்டில் பழசாகிவிடும்.

பழைய அளவுகோலின்படி இரவல் கணக்கு குறைந்தால் நூலகம் தேய்கிறது என்று பொருள். அந்த அளவுகோல் இங்கே பொருந்தாது. ஆனாலும் இலக்கிய வாசகருக்கு ஓர் இழப்பு உண்டு. மேசைகள் தேர்வர்களுக்கு ஆனபின் கதைநூல் அலமாரிப் பக்கம் நிற்பவர் குறைந்தனர். அவர்களில் பலரை 2010களில் திண்டுக்கல் இலக்கியக் களம் நடத்திய புத்தகத் திருவிழாவில் காண முடிந்தது.

2016க்குப் பின்

2016 அக்டோபரில் உள்ளாட்சி அமைப்புகளின் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை. தனி அலுவலர்கள் நிர்வாகம் செய்தனர். ஊரகப் பகுதிக்கு 2019 டிசம்பர் இறுதியில் தேர்தல் நடந்தது. 2014இல் மாநகராட்சியாகிய திண்டுக்கல் நகருக்கோ 2022 பிப்ரவரியில்தான் முதல் மாமன்றத் தேர்தல் நடந்தது. நூலக வரியை வசூலித்தும் ஆணைக்குழுவுக்குச் செலுத்தாமல் உள்ளாட்சிகள் பாக்கி வைக்கின்றன என்பது மாநிலம் முழுவதும் பல ஆண்டுகளாக எழும் புகார். மன்றக் கூட்டத்தில் இதைக் கேட்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் இல்லாத ஆண்டுகள் இவை.

வீட்டுவரியைச் சார்ந்திருப்பதன் பலமும் பலவீனமும் 2018இல் வெளிப்பட்டன. 2008க்குப் பிறகு நகர்ப்புறச் சொத்துவரி பொதுவாகத் திருத்தப்படாமல் இருந்தது. நூல் விலையும் தாள் விலையும் ஏறிக்கொண்டிருக்க, நூலக வரியின் அடித்தளம் பழைய மதிப்பிலேயே நின்றது. 2018 ஜூலையில் குடியிருப்புகளுக்கு 50 விழுக்காடு வரை வரி உயர்த்தப்பட்டது. அரையாண்டுக்கு 1,000 ரூபாய் வரி கட்டிய வீடு 100 ரூபாய் நூலகத்துக்குக் கொடுத்தது என்றால், புதிய வரியில் அது 150 ஆகும். மக்கள் எதிர்ப்புக்குப் பின் 2019 நவம்பரில் அந்த உயர்வு நிறுத்தி வைக்கப்பட்டது. வீட்டுவரி குறையட்டும் என்று மகிழ்ந்த அதே குடும்பத்தின் பிள்ளை நூலகத்தில் நாற்காலி போதவில்லை என்று சொல்லியிருக்கவும் கூடும்.

2020 மார்ச்சில் பெருந்தொற்றால் நூலகங்கள் மூடப்பட்டன. செப்டம்பர் 1 முதல் கட்டுப்பாடுகளுடன் மீண்டும் திறந்தன. ஐந்து மாதங்களில் தேர்வர்கள் கைபேசி வகுப்புக்கும் கோயில் மண்டபத்துக்கும் பழகியிருந்தாலும், கதவு திறந்ததும் திரும்பி வந்தனர். இங்கிலாந்தில் இதே பத்தாண்டில் அரசுச் சிக்கனத்தால் நூற்றுக்கணக்கான பொது நூலகங்கள் மூடப்பட்டன. அங்கே நூலகச் செலவு உள்ளாட்சியின் பொது வரவு செலவிலிருந்து வருவதால், முதியோர் பராமரிப்போடு அது போட்டியிட நேர்ந்தது. தமிழ்நாட்டில் நூலகத்துக்கென்றே தனி வரி இருப்பதால், குறைவாகவும் தாமதமாகவும் வந்தாலும், அந்தப் பணத்தை வேறு செலவுக்குத் திருப்புவது எளிதன்று.

2021–22இல் அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின் இரண்டாம் கட்டம் தொடங்கியது. பழைய ஊராட்சி நூலகக் கட்டடங்களைப் பழுது பார்ப்பது அதில் சேர்க்கப்பட்டது. 2022 ஏப்ரலில் நகர்ப்புறச் சொத்துவரி மறுபடி உயர்த்தப்பட்டது. நூலக வரியும் உடன் உயர்ந்தது. அதே ஆண்டு டிசம்பரில், நூலகத்துக்கு வர இயலாதோர் வீட்டுக்குத் தன்னார்வலர் மூலம் நூல் கொண்டு செல்லும் நூலக நண்பர்கள் திட்டம் தொடங்கியது. 2023 ஜூலை 15 அன்று மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. திண்டுக்கல்லிலிருந்து அது ஒன்றரை மணி நேரப் பேருந்துப் பயணம்.