திருமுழுக்கும் குடிமையும்: ஒல்லாந்தர் ஆட்சி தரும் வரலாற்றுப் பாடம்

முன்னுரை

கம்போங் குவாந்தானின் மின்மினிகளைக் காணச் செல்வோர் பலர், சிலாங்கூர் ஆற்று முகத்துவாரத்தில் உள்ள புக்கிட் மெலாவாத்திக் குன்றையும் கண்டு திரும்புவர். 1784இல் கோலசிலாங்கூரைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், இக்குன்றின் கோட்டைக்குத் தம் தலைமை ஆளுநர் ஆல்டிங்கின் பெயரால் ஆல்டிங்ஸ்பர்க் எனப் பெயரிட்டனர். மறு ஆண்டே சுல்தான் இப்ராகிம் பகாங் படைத் துணையுடன் அதனை மீட்டார். இவ்வட்டாரத் தோட்டங்களுக்குத் தமிழர் திரளாக வந்தது அதற்கு ஒரு நூற்றாண்டிற்குப் பின்னராகும். எனினும், அதே கொடியின்கீழ்த் தமிழர் நெடுங்காலம் வாழ்ந்த நிலம் ஒன்று உண்டு. அது யாழ்ப்பாணம். நாடு ஒரு மதத்தாருக்கே உரியது என்னும் கருத்தை இன்று கிறித்துவத் தேசியவாதம் என்னும் பெயரில் மேலைநாட்டார் ஆராய்கின்றனர். அச்சொல் பிற்காலத்தது, ஆயினும் அச்சொல் சுட்டும் நடைமுறை தமிழர் பட்டறிந்த ஒன்றே. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒல்லாந்தர் காலத்து யாழ்ப்பாணம்

1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கும்பெனி, சீர்திருத்தத் திருச்சபையை ஆட்சியின் மதமாக்கியது. கத்தோலிக்கக் குருமாருக்கு அடைக்கலம் தருவது மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. சைவக் கோயில் வழிபாடும் தடுக்கப்பட்டது. பள்ளி ஆசிரியரே ஊராரின் திருமுழுக்கையும் திருமணத்தையும் பள்ளித் தோம்பில் பதிந்தார். அப்பதிவு இல்லாத திருமணத்திற்குச் சட்ட ஏற்பு இல்லை. பிள்ளைகளின் சொத்துரிமையும் அதனையே சார்ந்திருந்தது. அரசுப் பதவிக்கும் திருமுழுக்கு வேண்டப்பட்டது.

இதன் விளைவு யாது? ஏட்டில் கிறித்துவராகவும் வீட்டில் சைவராகவும் பலர் வாழ்ந்தனர். ஆட்சி ஆங்கிலேயரிடம் மாறிக் கட்டாயம் நீங்கியதும், தோம்பில் இருந்த சபையாருள் பெரும்பாலோர் கோயிலுக்கே திரும்பினர். கத்தோலிக்கரோ தடைக்கிடையிலும் தம் சமயத்தைக் காத்தனர். கோவாவிலிருந்து வந்த யோசேப் வாஸ் அடிகளார் 1687இல் யாழ்ப்பாணத்தில் மாறுவேடத்தில் பணியாற்றினார். பின்னர்க் கண்டிக்குச் சென்ற அவரை முதலில் சிறையிலிட்டுப் பிறகு காத்தவர், பௌத்த மன்னர் இரண்டாம் விமலதர்மசூரியரே. கிறித்துவ அரசுக்கு அஞ்சிய கிறித்துவக் குருவுக்குப் பௌத்த அரசு புகலிடமாயிற்று என்பது எண்ணத்தக்கது.

மலாக்காவிலும் 1641க்குப் பின் கத்தோலிக்க வழிபாட்டை ஒல்லாந்தர் ஒடுக்கினர். காலப்போக்கில் இப்பிடி தளர்ந்தது. 1710இல் புனித பீட்டர் தேவாலயம் எழுந்தது. 1781இல் செட்டிகளின் பொய்யாத விநாயகர் ஆலயத்திற்கு நிலம் கிடைத்தது.

மலேசிய அமைப்பு

ஆங்கிலேயர் இங்கு வேறு வழியைக் கையாண்டனர். 1874ஆம் ஆண்டுப் பங்கோர் உடன்படிக்கை, மலாய்க்காரர்தம் சமயமும் வழக்காறும் ரெசிடெண்டின் ஆலோசனைக்கு அப்பாற்பட்டவை என வரையறுத்தது. 1957ஆம் ஆண்டுக் கூட்டரசு அரசியலமைப்பின் 3ஆம் பிரிவு இஸ்லாத்தைக் கூட்டரசின் சமயமாக அறிவித்தது. பிற சமயங்களை அமைதியுடன் பின்பற்றவும் இடமளித்தது. அப்பிரிவு பிற பிரிவுகளின் உரிமைகளைக் குறைக்காது என்பதும் அதிலேயே கூறப்பட்டுள்ளது. 11ஆம் பிரிவு சமய உரிமையை உறுதி செய்கிறது. முஸ்லிம்களிடையே பிற சமயப் பரப்புரையைக் கட்டுப்படுத்த மாநிலங்களுக்கு அதிகாரமும் தருகிறது. தோட்டத் தொழிலாளி குடியுரிமை கோரியபோது அவர்தம் சமயம் தகுதியாகக் கேட்கப்படவில்லை. தோம்பு முறைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

எனினும், இவ்வமைப்பின் எல்லை குறித்து வழக்குகள் எழுந்தவண்ணம் உள்ளன. 2014 சனவரியில் சிலாங்கூர் இஸ்லாமியச் சமய இலாகா, பெட்டாலிங் ஜெயாவில் மலாய், ஈபான் மொழி விவிலியப் படிகள் முந்நூற்றுக்கு மேற்பட்டவற்றைக் கைப்பற்றியது; அவை அவ்வாண்டு நவம்பரில் திருப்பித் தரப்பட்டன. மலேசிய மக்கள்தொகையில் கிறித்துவர் 9.1 விழுக்காடு, இந்துக்கள் 6.1 விழுக்காடு (2020 கணக்கெடுப்பு). ஆகவே, விவிலியத்தைக் காக்கும் பிரிவே தோட்டத்து மாரியம்மன் கோயிலையும் காக்கிறது என்பதைத் தமிழர் மறத்தலாகாது.

முடிவுரை

அமெரிக்க அரசியலமைப்பு, அரசுப் பதவிக்குச் சமயத் தகுதி கேட்பதை 1787இலேயே விலக்கியது. அந்நாட்டிலேயே 2021 சனவரி 6ஆம் நாள் நாடாளுமன்றத்தைத் தாக்கிய கூட்டத்தில் சிலுவைகளும் காணப்பட்டன. எழுதிவைத்த சட்டம் மட்டும் போதாது என்பதற்கு இது சான்றாகும்.

நம் வகுப்பறையும் இதற்கு விலக்கன்று. தமிழர் என்றால் இந்துவே எனக் கூறுமிடத்து, தமிழ்க் கிறித்துவ மாணவரும் தமிழ் முஸ்லிம் மாணவரும் தம் மொழியிலேயே அயலாராகின்றனர். யாழ்ப்பாணத்தில் கட்டாயம் ஒழிந்த அடுத்த நூற்றாண்டில், சைவராகிய ஆறுமுக நாவலர் பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் விவிலியத் தமிழாக்கத்திற்குத் துணைநின்றார். அதன் பின்னரும் சைவராகவே வாழ்ந்தார். தோம்பு ஒன்றரை நூற்றாண்டில் பெற்றுத்தராத மெய்யான சமய உறவை விருப்பம் பெற்றுத்தந்தது. இவ்வரலாற்றை மாணவருக்கு எடுத்துரைப்பது தமிழாசிரியரின் கடனாகும்.