ஏடு பார்த்து ஊதியவர்கள்: லெஸ்லி தாம்ப்சன், சிக் சாக்லேட், சென்னையின் ட்ரம்பெட்

பம்பாய் ஓட்டல் மேடைகளில் 1940களில் ட்ரம்பெட் வாசித்த சிக் சாக்லேட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவரை ‘இந்தியாவின் லூயி ஆம்ஸ்ட்ராங்’ என்று சொல்லித்தான் தொடங்குகிறார்கள். அவரும் ஆம்ஸ்ட்ராங்கின் கரகரத்த பாட்டு முறையை விரும்பி ஏற்றவர். ஆனால் அந்தப் பட்டம் கேட்க வேண்டிய ஒரு கேள்வியின் வாயை அடைத்துவிடுகிறது. கோவாவின் அல்டோனா கிராமத்தில் 1916இல் பிறந்த அந்தோனியோ சேவியர் வாஸ் (சிக்கின் இயற்பெயர் இதுதான்), கடல் கடந்து வந்த ஜாஸ் என்ற ஓர் இசையைப் பிழைப்பாக்கிக்கொள்ள எது வழிவிட்டது? அதே காலத்தில் லண்டனில் வாசித்த ஜமைக்கா ட்ரம்பெட்காரர்களைப் பற்றியும் இதைக் கேட்கலாம். அங்கே கிடைத்த பதிலும் இதே தரத்தது: கறுப்பர்களுக்குத் தாளம் பிறவியிலேயே வரும் என்றார்கள். ஓரிடத்தில் நகல், இன்னோரிடத்தில் இரத்தம். இரண்டு விளக்கத்திலும் படிப்புக்கு இடமில்லை. என் வாதம் இது: பிரிட்டிஷ், போர்ச்சுக்கீசியக் குடியேற்ற நாடுகளிலிருந்து ஸ்விங் இசைக்குழுக்களுக்குள் நுழைந்த ட்ரம்பெட் கலைஞர்களை ஆளாக்கியது இசைக்குறிப்பு ஏட்டைப் பார்த்து வாசிக்கும் பயிற்சி. அதைக் கொடுத்தவை அனாதை இல்லங்கள், படைப்பிரிவுகள், தேவாலயங்கள். அந்தப் பயிற்சி எங்கே, யாருக்குக் கிடைத்தது என்று தேடிப் போனால் சென்னையின் கதையும் துலங்கும்.

முதலில் லெஸ்லி தாம்ப்சன். 1901இல் கிங்ஸ்டனில் பிறந்தவர். ஏழைச் சிறுவர்களுக்காகக் கத்தோலிக்கக் கன்னியர் நடத்திய ஆல்ஃபா காட்டேஜ் பள்ளியின் பேண்டு அவருக்கு முதல் குருகுலம். (பிற்காலத்தில் ஸ்கா இசையை உருவாக்கிய டான் டிரம்மண்ட், டாமி மெக்குக் ஆகியோரும் அதே பள்ளியின் பிள்ளைகள்.) அங்கிருந்து மேற்கிந்தியப் படைப்பிரிவின் பேண்டுக்குப் போனார். படைப்பிரிவு அவரை இங்கிலாந்தில் இருந்த நெல்லர் ஹால் இராணுவ இசைப் பள்ளிக்கு அனுப்பியது. ஊர் திரும்பியபின் கிங்ஸ்டனின் ஊமைப்படக் கொட்டகைகளில் வாசித்தார். 1929இல் லண்டனில் அவர் கரையேறியபோது ஐரோப்பிய இராணுவ இசை, நாடக இசை, நடன இசை என எந்த ஏட்டை முன்னால் வைத்தாலும் முதல் பார்வையிலேயே வாசித்துவிடும் கலைஞராக இருந்தார். வாய்ப்புகளை வாங்கிக் கொடுத்ததும் இந்தத் திறன்தான். நாடக அரங்குகளின் இசைக்குழுக்களில் இடம் கிடைத்தது. ஜாஸ் குழுத் தலைவர் ஸ்பைக் ஹியூஸின் ஒலிப்பதிவுகளில் வாசித்தார். ஆம்ஸ்ட்ராங் 1934–35இல் ஐரோப்பாவைச் சுற்றி வந்தபோது அவருடைய குழுவிலேயே அமர்ந்தார்.

ஸ்விங் குழுவில் ட்ரம்பெட் வரிசைக்குள் நடக்கும் வேலைப் பிரிவினை தெரியாவிட்டால் இதன் எடை புரியாது. மூன்று பேர் வரிசையாக அமர்வார்கள். கைதட்டல் பெரும்பாலும் எழுந்து நின்று தனி ஆவர்த்தனம் வாசிப்பவருக்குப் போகும். ஆனால் குழு நம்பியிருப்பது முதல் ட்ரம்பெட்டை. மேல் சுரங்களை இரவு முழுவதும் உதடு தளராமல் பிடிப்பவர் அவர். எந்த இடத்தில் மூச்சு, எந்தச் சுரத்தைச் சற்றுத் தாமதித்து விடுவது என்று அவர் தீர்மானித்தால் மற்ற இருவரும் பின்தொடர வேண்டும். எதிரே புதிய ஏடு, ஒத்திகைக்கு நேரமில்லை, கீழே நடனமாடுகிறவர்களின் கால் தப்பக்கூடாது. பிறவித் தாளம் இங்கே ஒருவரைக் காப்பாற்றாது. தாம்ப்சன் மதிக்கப்பட்டது இந்த நாற்காலிக்காக. ஜாஸ் வரலாறுகள் தனி ஆவர்த்தனக்காரர்களின் வரலாறாகவே எழுதப்படுவதால் அவரைப் போன்றவர்கள் அடிக்குறிப்புகளில் மறைந்துபோனார்கள். இதை நான் ஓர் அநீதியாகவே கருதுகிறேன்.

1936இல் தாம்ப்சன் கறுப்பினக் கலைஞர்களை மட்டும் திரட்டி ‘எம்பரர்ஸ் ஆஃப் ஜாஸ்’ என்ற குழுவைத் தொடங்கினார். முன்னால் நின்று கோல் அசைத்தவர் கென் ஜான்சன். பிரிட்டிஷ் கயானாவிலிருந்து வந்த நடனக்காரர், உயரமானவர், பார்க்க அழகானவர். மறு ஆண்டே குழு ஜான்சனின் கைக்குப் போனது. ஏட்டறிவு வேலை வாங்கித் தந்தது. குழுவின் உரிமையைக் காப்பாற்றித் தரவில்லை. ஜான்சனின் குழு 1941 மார்ச் 8 அன்று லண்டனின் கஃபே டி பாரிஸ் விடுதியில் வாசித்துக்கொண்டிருந்தபோது ஜெர்மன் குண்டு விழுந்தது. ஜான்சனும் சாக்ஸபோன் கலைஞர் டேவ் வில்லியம்ஸும் இறந்தார்கள். உயிர் பிழைத்தவர்கள் வெள்ளையர்களின் பெரிய குழுக்களுக்குள் ஏற்கப்பட்டார்கள். போருக்கு ஆட்கள் போய்விட்டதால் ஏடு தெரிந்த கைகளுக்கு அப்போது பஞ்சம். தாம்ப்சனின் பழைய தோழர், ஜமைக்காவின் லெஸ்லி ‘ஜைவர்’ ஹட்சின்சன், அத்தகைய குழுக்களில் ஒன்றான ஜெரால்டோவின் குழுவில் இருந்தார். 1944இல் தனிக்குழு அமைத்து 1945இல் இந்தியாவுக்கே பயணம் வந்தார். கரீபியன் ட்ரம்பெட்டும் கோவா ட்ரம்பெட்டும் ஒரே நாட்டு மண்ணில் ஒலித்த ஆண்டு அது.

கோவாவில் படைப்பிரிவின் இடத்தில் தேவாலயம் இருந்தது. பங்குக்கோவிலை ஒட்டிய பள்ளிகளில் சிறுவர்களுக்குச் சுரக்குறிப்பைப் பார்த்துப் பாடவும் வயலின் வாசிக்கவும் போர்ச்சுக்கீசியர் காலம் முழுவதும் சொல்லிக்கொடுத்தார்கள். பூசைக்கும் ஊர்வலத்துக்கும் ஆள் வேண்டும் என்பதே நோக்கம். சொந்த ஊரில் வேறு வேலை இல்லாத அந்தப் பிள்ளைகள் ஊமைப்படக் கொட்டகைகளுக்கும் கப்பல்களுக்கும் மன்னர்களின் பேண்டுகளுக்கும் பம்பாய் ஓட்டல்களுக்கும் பரவினார்கள். 1935இல் லியோன் ஆபியின் கறுப்பினக் குழு தாஜ்மஹால் ஓட்டலுக்கு வந்தது. அதன் ட்ரம்பெட் கலைஞர் கிரிக்கெட் ஸ்மித், நியூயார்க்கில் ஜேம்ஸ் ரீஸ் யூரோப்பின் புகழ்பெற்ற குழுவில் இருந்தவர். 1936இல் பம்பாயிலேயே தம் பெயரில் இசைத்தட்டுகளும் பதிவு செய்தார். கோவாக் கலைஞர்கள் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டவை ஏட்டில் எழுத முடியாத சங்கதிகள்: சுரத்தை எப்படிக் கீறுவது, எப்படிச் சறுக்குவது, தாளத்தின் பின்னால் எப்படிச் சாய்வது. எழுதியதைப் படிக்க ஏற்கெனவே தெரிந்திருந்ததால்தான் எழுதாததை அவ்வளவு விரைவில் பிடிக்க முடிந்தது. ஃபிராங்க் ஃபெர்னாண்ட் தாஜில் மிக்கி கொரியாவின் குழுவுக்குப் போனார். சிக் சாக்லேட் தமக்கென ஒரு குழு நடத்தினார்.

பிறகு வெள்ளையர்கள் போனார்கள். 1949இல் பம்பாய் மதுவிலக்குச் சட்டம் வந்தது. ஓட்டல் இரவுகள் சுருங்க, கலைஞர்கள் படத்துறைக்கு ஒதுங்கினார்கள். அங்கே மெட்டுப் போடும் இசையமைப்பாளர்கள் பலருக்கு ஐரோப்பியக் குறிப்பு எழுதத் தெரியாது. எழுதத் தெரிந்த கோவாக்காரர்கள் ‘அரேஞ்சர்’ ஆனார்கள். லாகூரின் ஸ்டிஃபில்ஸ் ஓட்டலில் குழு நடத்தியிருந்த செபாஸ்டியன் டிசூசா, சங்கர்–ஜெய்கிஷனுக்கு எழுதினார். சிக் சாக்லேட், சி. ராமச்சந்திராவுடன் சேர்ந்தார். இருவரின் கைவண்ணம் 1951இல் வந்த இந்திப் படம் ‘அல்பேலா’வில் தெரிகிறது; சிக்கின் குழு அந்தப் படத்தில் திரையிலும் தோன்றுகிறது. தமிழ் வாசகர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ராமச்சந்திரா இசையமைப்பாளராகத் தொடங்கியது தமிழ்ப் படங்களில். பகவான் இயக்கிய ‘ஜயக்கொடி’, 1941இல் தவமணிதேவியும் எம்.கே. ராதாவும் நடித்த ‘வனமோகினி’ இரண்டுக்கும் அவரே இசை. ‘அல்பேலா’வும் ‘நல்ல பிள்ளை’ என்ற பெயரில் தமிழில் மொழிமாற்றமாகி 1953இல் இங்கே ஓடியது. தமிழ்நாட்டுக் கொட்டகைகளில் உட்கார்ந்திருந்தவர்கள் பம்பாய் ஸ்விங்கைப் பெயர் தெரியாமலே கேட்டுப் பழகினார்கள்.

அப்படியானால் சென்னையிலிருந்து ஏன் ஒரு சிக் சாக்லேட் எழவில்லை? இந்தக் கேள்விக்குப் பூந்தமல்லியில் நின்று பதில் தேடுவது பொருத்தம். 19ஆம் நூற்றாண்டில் கப்பலில் வந்திறங்கிய ஐரோப்பியச் சிப்பாய்களைத் தங்கவைக்கவும், நோயுற்றவர்கள் உடல் தேறவும் ஆங்கிலேயர் வைத்திருந்த இராணுவ முகாம் இங்கே இருந்தது. படை இருந்த இடமெல்லாம் பித்தளை வாத்தியத்தின் ஒலியும் இருந்தது. மணலியில் தங்கியிருந்த முத்துசுவாமி தீட்சிதர் குடும்பம் கோட்டை பேண்டின் மெட்டுகளைக் கேட்டது. அவற்றுக்கு அவர் வடமொழிச் சாகித்தியம் எழுதினார். தம்பி பாலுசுவாமி வயலினைக் கற்றுக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தார். தமிழ் இசை வரலாற்றின் பெருமைக்குரிய பக்கம் அது. ஆனால் உள்ளே வந்தவை மெட்டும் வாத்தியமும்தான். பல குரல்களைப் பிரித்து எழுதி ஒரே நேரத்தில் வாசிக்கும் ஏட்டு முறை வரவில்லை. நம் இசைக்கு அது தேவைப்படவும் இல்லை.

ட்ரம்பெட்டுக்கு இன்னொரு தடையும் இருந்தது. அதன் மூன்று வால்வுகளில் நடுவிலுள்ளது சுரத்தை அரைச்சுரம் இறக்கும்; முதலாவது முழுச்சுரம்; மூன்றாவது ஒன்றரை. சுரங்கள் படிக்கட்டுகளாகவே கிடைக்கும். இடையிலுள்ள வழுக்கலை உதட்டாலும், பாதி அழுத்திய வால்வாலும்தான் தேட வேண்டும். கிளாரினெட்டிலோ துளையின்மேல் விரலை மெல்ல நகர்த்திக் கமகம் பிடிக்கலாம். சதிர்க் கச்சேரிகளில் அது நுழைந்ததும், ஏ.கே.சி. நடராஜன் அதைத் தனிக் கச்சேரி வாத்தியமாக உயர்த்தியதும் இதனால்தான். ட்ரம்பெட் தெருவிலேயே தங்கிவிட்டது.

இன்றும் முகூர்த்த நாள் மாலையில் பூந்தமல்லி டிரங்க் ரோட்டுக் கல்யாண மண்டபங்களுக்கு முன்னால் பேண்டு செட்டு நிற்கிறது. தோளில் குஞ்சம் தொங்கும் சட்டை, தொப்பி, காற்சட்டைப் பட்டை எல்லாம் இராணுவ பேண்டிலிருந்து வந்தவை. படை பேண்டுகாரர் நடந்துகொண்டே படிக்க வாத்தியத்தின்மேல் சீட்டுச் செருகும் சிறு கவ்வி ஒன்று உண்டு. இங்கே அதை மட்டும் காணோம். பாட்டு காதில் விழுந்ததும் விரல் தேடிப் பிடித்துவிடுகிறது. மாப்பிள்ளை அழைப்பில் வாசிப்பவர் வால்வைப் பாதி அழுத்திப் பாடகரின் குழைவைத் தொட முயல்வதை அருகில் நின்று பார்த்தால் அவரது ஞானத்தை யாரும் குறைத்துப் பேச மாட்டார்கள். இங்கே என் வாதத்துக்கு ஒரு மறுப்பு எழலாம்: ஜாஸின் உயிரே கற்பனையில் இருக்கும்போது, செவியால் வாசிக்கும் இந்தக் கலைஞர்தானே ஆம்ஸ்ட்ராங்குக்கு நெருங்கிய உறவு? தனி ஆவர்த்தனத்தைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் நான் பேசுவது மாதச் சம்பளம் கொடுத்த நாற்காலிகளைப் பற்றி. அவற்றின் வாசலில் ஏடு நின்றது. ஏட்டைக் கற்பிக்கும் பள்ளி ஏழை வாத்தியக்காரரின் தெருவுக்கு வரவே இல்லை.

ஓட்டல் வழியும் சென்னையில் குறுகியது. 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் மாகாணம் முழுவதும் பரவியது. மது விற்று இசைக்குழுவுக்குக் கூலி கொடுக்கும் இரவு விடுதி இங்கே வேரூன்ற இடமில்லை. பம்பாயில் ஓட்டல் பயிற்றுவித்த கலைஞர்களைப் படத்துறை பெற்றுக்கொண்டது. சென்னையில் படத்துறையே பயிற்சிக்கூடமும் ஆக வேண்டியிருந்தது. 1948இல் வந்த ஜெமினியின் ‘சந்திரலேகா’வில் எஸ். ராஜேஸ்வரராவின் இசையைக் கேட்டால் அந்தக் கூடம் எவ்வளவு வேகமாக வளர்ந்தது என்பது விளங்கும். ஏட்டறிவு இருந்தவர்கள் பெரும்பாலும் ஆங்கிலோ–இந்தியர்களும் கிறிஸ்தவர்களும். இசையமைப்பாளர் எம்.எஸ். விஸ்வநாதனின் குழுவில் ஹென்றி டேனியல், ஜோசப் கிருஷ்ணா போன்ற பெயர்கள் உதவியாளர்களாக நிற்பது இதன் தடயம். ட்ரம்பெட் ஏட்டில் ‘சி’ என்று எழுதியதை ஊதினால் பியானோவின் ‘பி ஃப்ளாட்’ ஒலிக்கும். ஆர்மோனியத்தில் பிறந்த மெட்டை இந்தக் கணக்குப்படி மாற்றி, ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாக எழுதிக் கொடுக்க ஒருவர் இல்லாவிட்டால் கால்ஷீட் வீணாகும். அந்த ஒருவருக்குக் கிடைத்த பெயர் ‘உதவி’.

1976இல் ‘அன்னக்கிளி’யோடு வந்த இளையராஜா இந்த ஏற்பாட்டை உடைத்தார். மேற்கத்திய இசை ஆசிரியர் தன்ராஜ் மாஸ்டரிடம் படித்த அவர் மெட்டையும் ஏட்டையும் ஒரே கையால் எழுதினார். பண்ணைப்புரத்துப் பையன் ஒருவன், கிங்ஸ்டனில் கன்னியரும் கோவாவில் குருமாரும் கொடுத்த படிப்பைத் தேடிப் பெற்றது நம் இசையின் சமூக வரலாற்றில் அவர் மெட்டுகளுக்கு நிகரான நிகழ்ச்சி என்பேன்.

தாம்ப்சன் 1950களில் இசையை விட்டுச் சிறைமீண்டோர் நலப்பணிக்குப் போனார், 1987இல் இறந்தார். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே ஜெஃப்ரி கிரீன் என்ற வரலாற்றாசிரியர் எதிரில் உட்கார்ந்து கேட்டு எழுதிய தன்வரலாறு வெளிவந்துவிட்டது. முதல் ட்ரம்பெட் என்ற வேலை எப்படிப்பட்டது, கூலி எவ்வளவு, யார் யாரை ஒதுக்கினார்கள் என்பதெல்லாம் நமக்குத் தெரிவது அதனால்தான். சிக் சாக்லேட் 1967இல், 51 வயதில் போய்விட்டார். எம்.பி. சீனிவாசன் முன்னின்று அமைத்த திரை இசைக்கலைஞர் சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களில் முதலில் அமர்த்திக் கேட்க வேண்டியவர்கள் இரண்டாம், மூன்றாம் ட்ரம்பெட் வாசித்தவர்களும், இரவு முழுவதும் விழித்து ஏடு நகலெழுதியவர்களும்.