கிறிஸ்டியான்பேட்டையின் தீர்க்கதரிசிகள்: வீட்டைத் திருத்திய வாக்கும் நாள் குறித்த வாக்கும்

விருதுநகரிலிருந்து காரியாபட்டி போகும் சாலையில் உள்ள மல்லாங்கிணறும், மேற்கு மலையடிவாரத்தில் வத்திராயிருப்பை ஒட்டிய கிறிஸ்டியான்பேட்டையும் இன்று ஒரே மாவட்டத்து ஊர்கள். 19ஆம் நூற்றாண்டுத் திருச்சபை வரைபடத்தில் அவை வேறு வேறு எல்லைகளில் இருந்தன. மல்லாங்கிணறுக்குக் கிழக்கிலும் வடக்கிலும் மண்டபசாலை, திருமங்கலம் போன்ற நிலையங்களை வைத்துப் பணி செய்தது 1834இல் தொடங்கிய அமெரிக்க மதுரை மிஷன். சிவகாசி, சாத்தூர்ப் பக்கம் திருநெல்வேலி சி.எம்.எஸ். மிஷனின் வட எல்லை. அதன் மிஷனெரி தாமஸ் ராக்லந்து 1854இல் ஊர் ஊராகச் சென்று நற்செய்தி அறிவிக்கும் பணியை இங்கே தொடங்கி, 1858 அக்டோபரில் சிவகாசியிலேயே இறந்தார். இந்த இரண்டு மிஷன்களுக்கும் கட்டுப்படாமல், சம்பளம் வாங்காமல், மலையடிவாரத்தில் தனிச் சபையாக நின்றவர் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் (1810–1867). இம்மாவட்டத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் தீர்க்கதரிசனத்தை எப்படிப் புரிந்துகொள்ள வேண்டும் என்ற கேள்விக்கு அவருடைய சபையின் அனுபவமே முதல் சாட்சி. வெளியிலிருந்து விளக்கம் தேடுமுன் அதைத்தான் நாம் படித்திருக்க வேண்டும்.

இக்கட்டுரையின் வாதம் இது: வேதாகமத் தீர்க்கதரிசனம் குடும்பத்தை வளர்ப்பது, அது வீட்டுக்குள் நுழைந்து அந்த வீட்டாரின் நடத்தையைக் கேள்வி கேட்கும்போது மட்டுமே. வருங்காலத்துக்கு நாள் குறித்துக் கொடுக்கும்போது, நல்ல பக்தியோடு தொடங்கிய இயக்கத்தையும் அது உடைத்துவிடும். இவ்விரண்டும் ஒரே எழுப்புதலின் வழிமரபில், இருபது ஆண்டு இடைவெளியில் நடந்திருக்கின்றன.

1860: வீட்டார் பேசியது

அருளப்பன் பாளையங்கோட்டையில் மிஷனெரி ரேனியஸிடம் பயின்றவர். 1833இல் இந்தியா வந்த அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் என்பவரின் தொடர்பு அவரை மாற்றியது. இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரில் பல் மருத்துவராக இருந்து, வருமானத்தை விட்டுவிட்டு, மிஷன் சம்பளமின்றி ஊழியம் செய்யலாம் என்று நம்பியவர் குரோவ்ஸ். அந்த நம்பிக்கையைத் தமிழ் மண்ணில் நடைமுறையாக்கியவர் அருளப்பன். 1842இல் கிறிஸ்டியான்பேட்டையை நிறுவினார். அவருடைய நாட்குறிப்புகளை ஜி. எச். லாங் 1939இல் ஆங்கிலத்தில் நூலாக்கியதால்தான் இந்த வரலாறு இன்று நம் கைக்குக் கிடைக்கிறது.

1859இல் அயர்லாந்தின் வடபகுதியில் நடந்த எழுப்புதலின் செய்தி இங்கே எட்டியது. 1860 மே மாதத் தொடக்கத்தில் கிறிஸ்டியான்பேட்டையில் தொடங்கிய நிகழ்வுகளை அருளப்பன் குறித்து வைத்திருக்கிறார். மக்கள் அழுதார்கள், நடுங்கினார்கள், பாவங்களை அறிக்கையிட்டார்கள், அந்நிய பாஷைகளும் அவற்றின் வியாக்கியானமும் உண்டாயின, தீர்க்கதரிசனம் சொன்னார்கள். உலகப் பெந்தெகொஸ்தே வரலாற்றை 1906இல் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த எழுப்புதலிலிருந்து தொடங்கி எழுதுவோர், அதற்கு 46 ஆண்டுகள் முன்பே வத்திராயிருப்புப் பக்கம் இது நடந்ததைக் கணக்கில் கொள்ள வேண்டும். சி.எம்.எஸ். மிஷனெரி ஆஷ்டன் டிப், இது வெளிநாட்டாரைச் சாராமல் எழுந்த இயக்கம் என்பதைக் கவனித்து அப்போதே எழுதினார். பரவசத்தைக் கண்டு அஞ்சிய மிஷனெரிகளும் இருந்தார்கள்.

ஆனால் பரவசத்தைவிட முக்கியமானது, தீர்க்கதரிசனம் சொன்னவர்கள் என்ன செய்தார்கள் என்பது. அருளப்பனின் குறிப்பில் அவர்கள் மக்களைக் கடிந்துகொண்டவர்கள். அந்த வாக்கின் விளைவு பாவ அறிக்கையாகவும் ஜெபமாகவும், ஊதியம் எதிர்பாராமல் அக்கம்பக்கத்து ஊர்களுக்குப் புறப்பட்டுப்போன ஊழியமாகவும் இருந்தது. பேசியவர்களில் பெண்களும் இருந்தார்கள். ஆண் உபதேசியார் பேசுவார், மற்றவர் கேட்பார் என்ற மிஷன் வழக்கத்துக்கு இது மாறு. வேதாகமத்துக்கு மாறு அல்ல. குமாரரும் குமாரத்திகளும் தீர்க்கதரிசனம் சொல்வார்கள் என்ற யோவேலின் வாக்கு (யோவேல் 2:28) குடும்பத்தின் மொழியில்தான் பேசுகிறது. செசரியாவில் பிலிப்புவின் வீட்டில் அவருடைய நான்கு மகள்களும் தீர்க்கதரிசனம் சொன்னதாக லூக்கா எழுதுகிறார் (அப்போஸ்தலர் 21:9).

இந்த இடத்தில் சற்று நின்று சாமுவேலின் கதையைப் பார்க்க வேண்டும். ஞாயிறு பள்ளியில் அது கீழ்ப்படிதலுள்ள சிறுவனின் கதையாகச் சொல்லப்பட்டு, கர்த்தர் கூப்பிட்டதோடு முடிந்துவிடுகிறது. கூப்பிட்டுச் சொன்ன செய்தி என்ன என்பதைப் பிள்ளைகளுக்கு நாம் சொல்வதில்லை. ஆசாரியனாகிய ஏலி தன் பிள்ளைகள் செய்த அக்கிரமத்தை அறிந்தும் அடக்கவில்லை. அதனால் அவன் வீட்டின் மேல் நியாயத்தீர்ப்பு வருகிறது. இதுதான் சாமுவேலுக்குக் கிடைத்த முதல் தீர்க்கதரிசனம் (1 சாமுவேல் 3). சிறுவன் அதைச் சொல்லப் பயப்படுகிறான். ஏலியின் பெருமை அடுத்து வருகிறது: ஒன்றையும் மறைக்காதே என்று பிள்ளையை வற்புறுத்திக் கேட்கிறான், கேட்டபின் அதைக் கர்த்தருடைய வார்த்தை என்று ஏற்கிறான். தகப்பனாகத் தோற்ற ஒரு பெரியவர், ஒரு பிள்ளையின் வாயிலிருந்து தன் தவற்றைக் கேட்கத் தயாராக இருந்தார். நம் குடும்ப ஜெபங்களில் இதற்கு இடம் இருக்கிறதா? அப்பா ஜெபிப்பார், அம்மா பாடுவார், பிள்ளைகள் மனப்பாட வசனம் ஒப்பிப்பார்கள். பிள்ளை கேட்ட சத்தத்தை யாரும் விசாரிப்பதில்லை.

பழைய ஏற்பாடு, கிறிஸ்தவ வரிசையில், எதில் முடிகிறது என்பதும் நினைக்கத்தக்கது. மல்கியாவின் கடைசி வசனம் தகப்பன்மாருடைய இருதயம் பிள்ளைகளிடத்துக்கும் பிள்ளைகளுடைய இருதயம் தகப்பன்மாரிடத்துக்கும் திருப்பப்படுவதைப் பற்றியது. யோவான்ஸ்நானன் பிறக்குமுன் தூதன் அதையே எடுத்துச் சொல்கிறான் (லூக்கா 1:17). தீர்க்கதரிசன நூல்களின் இறுதி நோக்கமாக நிற்பது வீட்டுக்குள் நடக்கும் ஒப்புரவு.

1881: நாள் குறித்தது

கிறிஸ்டியான்பேட்டையின் அனல் திருவிதாங்கூருக்கும் பரவியது. 1873 வாக்கில் அங்கே எழுந்த எழுப்புதலுக்குத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து, அருளப்பன் வழிவந்த ஊழியர்கள் வித்திட்டார்கள். அதில் முன்னின்றவர் ஜஸ்டஸ் ஜோசப். மலையாளக் கிறிஸ்தவர்கள் அவரை வித்வான் குட்டி அச்சன் என்பார்கள். தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து, 1861இல் மாவேலிக்கரையில் குடும்பத்தோடு ஞானஸ்நானம் பெற்று, பின் சி.எம்.எஸ். குருவானவர். அவருடைய பாடல்களைக் கேரளத் திருச்சபைகள் இன்றும் பாடுகின்றன. இப்படிப்பட்டவரின் வட்டத்தில் 1875இல் ஒரு வாக்கு எழுந்தது: ஆறு ஆண்டுகளில், 1881இல், கிறிஸ்து திரும்ப வருவார். அந்த வாக்கைப் பிடித்துக்கொண்டு அவர் சி.எம்.எஸ்.ஸை விட்டுப் பிரிந்தார். 1881 வந்து போனது. யுயோமயம் என்ற பெயரில் அவர் அமைத்த சபை சுருங்கிப்போனது.

இதை ஏளனமாகப் பார்க்கக் கூடாது. அமெரிக்காவில் வில்லியம் மில்லரைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22ஆம் நாளுக்காகக் காத்திருந்து கலங்கினார்கள். அவர்களும் வேதத்தை நேசித்தவர்களே. அந்த நாளையும் நாழிகையையும் குமாரனும் அறியார் என்று இயேசுவே சொன்னபின் (மாற்கு 13:32), பக்தியுள்ளவர்கள் ஏன் நாள் குறிக்கிறார்கள்? துன்பத்துக்கு ஓர் எல்லை தெரிந்துவிட்டால் தாங்கிக்கொள்ளலாம் என்ற ஏக்கம்தான் காரணம் என்று நினைக்கிறேன். ஆனால் நாள் குறித்த வீட்டில் அன்றாட வேலைகள் அர்த்தம் இழக்கின்றன. விதைப்பதும், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதும், சண்டையிட்ட தம்பியோடு பேசித் தீர்ப்பதும் தள்ளிப்போகின்றன. தெசலோனிக்கேயில் இதுவே நடந்தது. கர்த்தருடைய நாள் வந்துவிட்டது என்ற பேச்சால் கலங்கிய சபைக்கு எழுதிய நிருபத்திலேயே, வேலை செய்யாமல் திரிகிறவர்கள் அமைதியாக உழைத்துச் சாப்பிட வேண்டும் என்று பவுல் கட்டளையிடுகிறார் (2 தெசலோனிக்கேயர் 2:2, 3:10–12).

1860இன் வாக்கு சபையின் நடத்தையைக் கிளறியது. அது மெய்யா என்பதை அடுத்த வாரமே வீட்டார் அறிந்துகொள்ளலாம். 1875இன் வாக்கைச் சோதிக்க ஆறு ஆண்டு காத்திருக்க வேண்டும். அதற்குள் சபை பிரிந்துவிட்டது. இரண்டு மூன்று பேர் பேசட்டும், மற்றவர்கள் நிதானிக்கட்டும் என்ற பவுலின் ஒழுங்கு (1 கொரிந்தியர் 14:29) முதல் வகை வாக்குக்குப் பொருந்துகிறது. இரண்டாம் வகை வாக்கு அந்த ஒழுங்குக்கே தப்பிவிடுகிறது.

எரேமியாவின் கடிதம்

நம் வீடுகளில் அதிகம் தொங்கும் தீர்க்கதரிசன வசனம் எரேமியா 29:11ஆக இருக்கும். புத்தாண்டு ஆராதனையில் கொடுக்கும் வாக்குத்தத்த அட்டைகளிலும், சிவகாசி அச்சகங்களில் அச்சாகும் வசன காலண்டர்களிலும் அது இருக்கிறது. தேவன் நமக்காக வைத்திருப்பது தீமையல்ல, சமாதானம் என்ற அதன் ஆறுதல் மெய்யானது. ஆனால் அது ஒரு கடிதத்தின் நடுப்பகுதி. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா எழுதி அனுப்பியது. அதற்கு முந்திய அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே ஆண்டில் எல்லாரும் ஊர் திரும்புவார்கள் என்று ஆலயத்தில் எல்லார் முன்பாகவும் அறிவிக்கிறான். கேட்டவர்களுக்கு இனித்திருக்கும். எரேமியாவின் கடிதமோ எழுபது ஆண்டு என்கிறது. அதுவரை வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து வையுங்கள், நீங்கள் இருக்கும் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்கிறது. நம்பிக்கையின் வாக்குறுதி இந்தக் கட்டளைகளுக்குப் பின்தான் வருகிறது. 4 முதல் 10 வரையுள்ள வசனங்களை நீக்கிவிட்டு 11ஐ மட்டும் கொடுத்தால், எரேமியாவின் கையெழுத்தில் அனனியாவின் செய்தியைக் கொடுத்ததாகிவிடும்.

எழுபது ஆண்டும் குறித்த காலம்தானே என்று கேட்கலாம். வேறுபாடு அதன் நீளத்தில் இருக்கிறது. கடிதத்தைக் கையில் வாங்கிய பெரியவர்களில் பலர் மீட்பைக் காணமாட்டார்கள். பேரன் பேத்திகளே காண்பார்கள். ஆகவே அந்த வாக்கை நம்புவது என்றால் பிள்ளைகளை நம்பிக்கையில் வளர்ப்பது என்று பொருள். ஆவிக்குரிய வளர்ச்சி குடும்பத்தில் நடக்கும் முறையும் இதுவே: தான் காணாத பலனுக்காக இன்று ஒருவர் உண்மையாக நடப்பது. எருசலேம் முற்றுகையில் இருந்தபோது எரேமியா தன் தகப்பனுடைய சகோதரன் மகனின் நிலத்தை 17 சேக்கல் வெள்ளி கொடுத்து வாங்கி, பத்திரத்தை மண்பாண்டத்தில் பத்திரப்படுத்தினார் (எரேமியா 32). சொந்தக்காரர்களுக்குள் நடந்த ஒரு நிலக் கிரயமே அங்கே தீர்க்கதரிசனம்.

பட்டாசு ஊரில் இதற்கு என்ன பொருள்?

கடிதத்தின் 7ஆம் வசனம், பட்டணத்தின் சமாதானத்தில் உங்கள் சமாதானம் இருக்கிறது என்ற பொருளில் பேசுகிறது. பட்டாசு ஆபீஸ் வேன் விடியற்காலையில் வந்து ஆள் ஏற்றிப்போகும் ஊர்களில் இந்த வசனம் மிகத் துல்லியமானது. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் 38 பேர் உயிரிழந்தார்கள். அதற்குப் பின்னும் மாவட்டத்தில் விபத்துகள் தொடர்கின்றன. காரணங்கள் மறைவானவை அல்ல: மருந்து கலக்கும்போது ஏற்படும் உராய்வு, வெயிலின் சூடு, அறையில் அனுமதித்ததற்கு மேல் ஆள் வைப்பது, உரிமம் பெற்றவர் உள்குத்தகைக்கு விட்டுவிடுவது. இந்த ஊர்களில் ஒரு வாக்கு, குறிப்பிட்ட குடும்பத்துக்கு மட்டும் வரும் ஆசீர்வாதத்தைச் சொல்லிவிட்டு, பக்கத்து அறையில் மருந்து கலக்குபவரைப் பற்றி மௌனமாக இருக்குமானால், அது எரேமியாவின் மரபில் வந்ததல்ல. அயலானைக் கூலியின்றி வேலை வாங்கி மாளிகை கட்டியவனைப் பெயர் சொல்லிக் கண்டித்தவர் அவர் (எரேமியா 22:13–18). இது சபைக்குள் இருக்கும் முதலாளிக்கும் பொருந்தும், கண்காணிக்கும் ஃபோர்மேனுக்கும் பொருந்தும். முன்பணம் வாங்கியதால் ஆபத்தைச் சொல்லத் துணியாத தகப்பனின் வீட்டுக்கும் வேறு வகையில் பொருந்தும். அந்த வீட்டில், இன்றைக்கு அந்த அறைக்குப் போகாதே என்று ஒரு மகள் சொன்னால், அதை ஏலி கேட்டதுபோல் கேட்க வேண்டும்.

விபத்துக்குப் பிறகு, இது எனக்கு முன்பே காட்டப்பட்டது என்று மேடையில் சொல்லும் வழக்கம் ஒன்று பரவி வருகிறது. அழுதுகொண்டிருக்கும் குடும்பத்துக்கு அது செய்யும் காயம் பெரிது. தீர்க்கதரிசனத்துக்குப் பவுல் கூறும் பயன் பக்திவிருத்தியும் புத்தியும் ஆறுதலும் (1 கொரிந்தியர் 14:3). முன்பே காட்டப்பட்டது மெய்யானால் முன்பே சொல்லியிருக்க வேண்டும். இல்லையென்றால் மௌனமாக அவர்களோடு உட்கார்ந்திருக்க வேண்டும்.

இவ்வளவு சொன்னபின்னும், தீர்க்கதரிசனத்தையே ஒதுக்கிவிடுவது தீர்வல்ல. ஆவியை அவித்துப்போடுவதையும் தீர்க்கதரிசனங்களை அற்பமாக எண்ணுவதையும் பவுல் தடுக்கிறார். எல்லாவற்றையும் சோதித்து நலமானதைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறார் (1 தெசலோனிக்கேயர் 5:19–21). அருளப்பனின் சபை அஞ்சாமல் இடம் கொடுத்தது. நம் சபைகளும் கொடுக்கட்டும், ஆனால் சோதிக்கும் வேலையை மேடையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவரட்டும். ஆயர்களிடம் ஒரு வேண்டுகோள்: வருகிற புத்தாண்டில் எரேமியா 29ஆம் அதிகாரத்தை முதல் 14 வசனங்கள் வரை முழுதாக ஒவ்வொரு குடும்பத்துக்கும் கொடுங்கள். வாசித்தபின் வயதில் இளையவரை முதலில் பேசவிடச் சொல்லுங்கள், பெரியவர்கள் கேட்கட்டும்.