மாலை வகுப்பும் மேலாண்மைப் பட்டமும்



பள்ளிப் படிப்பை முடித்து, பட்டமும் பெற்று, ஏதேனும் ஒரு நிறுவனத்தில் வேலைக்கு அமர்ந்துவிட்ட என் பழைய மாணவர்கள் அவ்வப்போது என்னைக் காண வருவதுண்டு. அவர்களுள் பலர் கேட்கும் கேள்வி ஒன்று: “ஐயா, வேலையை விடாமலே மாலை வகுப்பிலோ வார இறுதி வகுப்பிலோ சேர்ந்து எம்.பி.ஏ. படிக்கலாமா? அப்படிப் பெறும் பட்டத்திற்கு மதிப்பு உண்டா?”

நான் வாணிகம் செய்தவன் அல்லன். நெடுங்காலம் வரலாறு கற்பித்துப் பின் தலைமையாசிரியனாய் ஓய்வு பெற்றவன். எனவே இக்கேள்விக்கு வரலாற்றின் துணைகொண்டே விடை தேட விழைகிறேன். உழைப்பவன் ஓய்வு நேரத்தில் உயர்கல்வி பெறலாகுமா என்பது ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாகக் கேட்கப்பட்டு வரும் கேள்வி. அதற்குக் காலம் அளித்துள்ள விடைகளை அறிந்துகொண்டால், நம் முன்னுள்ள ஒரு வகுப்பை மதிப்பிடுவதற்கு வேண்டிய அளவுகோலும் நம் கைக்கு வந்துவிடும்.

முதலில் பிரிட்டனுக்குச் செல்வோம். ஜார்ஜ் பர்க்பெக் என்பவர் மருத்துவம் பயின்றவர். கிளாஸ்கோ நகரில் இயற்பியல் கற்பிக்கும் பொறுப்பில் இருந்தார். தம் பாடத்திற்கு வேண்டிய கருவி ஒன்றைச் செய்விப்பதற்காக ஒரு பட்டறைக்குச் சென்றார். அங்கிருந்த கைவினைஞர்கள் தாம் செய்யும் கருவி எவ்வாறு இயங்குகிறது என்று அறிந்துகொள்ளக் காட்டிய ஆர்வம் அவர் உள்ளத்தைத் தொட்டது. 1800ஆம் ஆண்டில் அத்தகையோருக்கெனக் கட்டணமின்றிச் சொற்பொழிவுகள் நிகழ்த்தத் தொடங்கினார்.

பின்னர் அவர் இலண்டனில் குடியேறினார். 1823ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள், அந்நகரில் நடந்த ஒரு கூட்டத்திற்கு ஏறத்தாழ 2,000 பேர் திரண்டனர். அதன் பயனாக ‘இலண்டன் மெக்கானிக்ஸ் இன்ஸ்டிட்யூஷன்’ தோன்றியது. உழைக்கும் மக்களுக்குக் கல்வி புகட்டினால் தீமை விளையும் என்று அஞ்சியோரும் அக்காலத்தில் இருந்தனர். அவ்வச்சத்தைப் பொருட்படுத்தாது அந்நிறுவனம் வளர்ந்தது. 1830ஆம் ஆண்டிலேயே மகளிருக்கும் அதன் கதவு திறந்தது. இதுவே பிற்காலத்தில் பர்க்பெக் கல்லூரி என்று பெயர் பெற்றது.

எனினும், கற்பது வேறு. கற்றதற்கு உலகம் மதிப்பளிப்பது வேறு. பகல் முழுவதும் கணக்கெழுதிவிட்டு இரவில் படித்தவனை, பகல் முழுவதும் கல்லூரியில் இருந்தவனோடு ஒரே நிரையில் வைப்பது எப்படி? இச்சிக்கலை ஓரளவு தீர்த்தது இலண்டன் பல்கலைக்கழகம். 1858ஆம் ஆண்டின் சாசனத்திற்குப் பிறகு, குறிப்பிட்ட கல்லூரியில் பயின்றிருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு பெரும்பாலான பட்டங்களுக்கு நீங்கிற்று. எங்கே கற்றாய், எப்பொழுது கற்றாய் என்று பல்கலைக்கழகம் கேட்கவில்லை. என்ன கற்றாய் என்று மட்டும் கேட்டது. தேர்வு எல்லோருக்கும் ஒன்றே. இரவு விளக்கில் படித்தவனுக்கு எளிய வினாத்தாள் ஒன்று தனியே ஆக்கப்படவில்லை. மாலைக் கல்வியின் மதிப்பு வேரூன்றியது இந்த இடத்தில்தான். 1913ஆம் ஆண்டில் ஹால்டேன் பிரபுவின் தலைமையில் அமைந்த ஆணைக்குழு, பர்க்பெக் கல்லூரியைப் பல்கலைக்கழகத்தின் ஓர் உறுப்பாக்கி, உழைப்போரின் மாலைக் கல்லூரியாகவே வைத்துக்கொள்ளலாம் என்று பரிந்துரைத்தது. 1920இல் அவ்வாறே ஆயிற்று. தோன்றி 97 ஆண்டுகள் கடந்த பின்னரே அந்த ஏற்பு கிடைத்தது என்பதை நினைவிற்கொள்ளுங்கள்.

அக்கல்லூரியின் வரலாற்றில் மற்றொரு பக்கமும் உண்டு. ராம்சே மக்டொனால்டு என்னும் ஸ்காத்லாந்து இளைஞர் இலண்டனுக்கு வந்து, எழுத்தராகப் பணிபுரிந்துகொண்டே அங்கு மாலை வகுப்புகளில் அறிவியல் பயின்றார். உணவைக் குறைத்து, உறக்கத்தைக் குறைத்து உழைத்தார். தேர்வு நெருங்கிய வேளையில் உடல் தளர்ந்து நோயுற்றார். அறிவியலறிஞர் ஆக வேண்டும் என்ற அவருடைய ஆசை அத்துடன் முடிந்தது. அவரே பின்னர் அரசியலில் புகுந்து, 1924இல் பிரிட்டனின் முதல் தொழிற்கட்சிப் பிரதமரானார் என்பது வேறு கதை. பிரதமரானதை மட்டும் எடுத்துச் சொல்லி இளைஞர்களை ஊக்குவிப்பது எளிது. நோயுற்றதையும் சேர்த்துச் சொல்வதே ஆசிரியனின் கடமை.

இனி வணிகக் கல்விக்கு வருவோம். அது பல்கலைக்கழகத்திற்குள் நுழைந்தது அமெரிக்காவில். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் வார்ட்டன் பள்ளி 1881இல் தோன்றியது. 1908இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் தன் வணிகப் பள்ளியைத் தொடங்கி, எம்.பி.ஏ. என்னும் பட்டத்தை அறிமுகப்படுத்தியது. பட்டம் தோன்றிய சில ஆண்டுகளுக்குள்ளேயே, வேலையில் இருப்போருக்கு அக்கல்வியை எவ்வாறு அளிப்பது என்ற எண்ணமும் எழுந்துவிட்டது. 1916இல் நியூயார்க் பல்கலைக்கழகம் வணிகத்திற்கான தன் பட்டமேற்படிப்புப் பிரிவை வால் ஸ்டிரீட் வட்டாரத்திலேயே திறந்தது. வங்கிகளிலும் பங்குச் சந்தையிலும் பணிபுரிவோர் வேலை முடிந்ததும் நடந்து வந்து அமரும் தொலைவில் வகுப்பு இருந்தது. 1943இல், உலகப் போரின் நடுவே, சிகாகோ பல்கலைக்கழகம் பட்டறிவு மிக்க நிர்வாகிகளுக்கெனவே எம்.பி.ஏ. வகுப்பு ஒன்றை ஏற்படுத்தியது. அவ்வகையில் அதுவே முதலாவது.

இவ்வளர்ச்சியைக் கண்டு எல்லோரும் மகிழ்ந்துவிடவில்லை. ஆபிரகாம் பிளெக்ஸ்னர் என்னும் கல்வியறிஞர் 1930இல் வெளியிட்ட நூலில், தொழிற்பழக்கத்தைக் கற்பிப்பது பல்கலைக்கழகத்தின் வேலையன்று என்று கடிந்து, ஹார்வர்டின் வணிகப் பள்ளியையும் விட்டுவைக்காமல் தாக்கினார். 1959ஆம் ஆண்டில் இரண்டு பெரிய ஆய்வறிக்கைகள் வெளிவந்தன. போர்டு அறநிறுவனத்தின் ஆதரவில் கார்டன், ஹவல் ஆகிய இருவர் எழுதியது ஒன்று. கார்னகி அறநிறுவனத்தின் ஆதரவில் பியர்சன் எழுதியது மற்றொன்று. வணிகப் பள்ளிகள் பலவற்றில் மாணவர் தகுதி குறைவு, பாடங்கள் குறுகியவை, ஆசிரியரிடையே ஆராய்ச்சி அருகியுள்ளது என்று இரண்டும் ஒருங்கே கூறின. கணிதம், பொருளியல், மனித நடத்தை பற்றிய அறிவியல் ஆகிய அடிப்படைகள் வேண்டும் என்றும் அவை வற்புறுத்தின. குறை கூறியவர்கள் எதை அளந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். சேரும் மாணவரின் தகுதி, பாடத்தின் ஆழம், ஆசிரியரின் புலமை ஆகியவற்றை அளந்தார்கள். இவை பகல் வகுப்புக்கும் மாலை வகுப்புக்கும் பொதுவானவை அன்றோ?

நம் நாட்டு வரலாறும் இதனோடு தொடர்புடையதே. 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் பல்கலைக்கழகங்கள் தோன்றியபோது, தேர்வு நடத்திப் பட்டமளிக்கும் இலண்டன் முறையையே அவை பின்பற்றின. விடுதலைக்குப் பின் தொழில்கள் பெருகின. அவற்றை நடத்துவோருக்குப் பயிற்சி வேண்டியதாயிற்று. 1953இல் கல்கத்தாவில் சமூக நலத்திற்கும் வணிக மேலாண்மைக்குமான நிறுவனம் ஒன்று அமைந்தது. 1954இல் தில்லிப் பல்கலைக்கழகத்தில் மேலாண்மைக் கல்வி தொடங்கிற்று. ஆனால் அங்கு முழுநேர எம்.பி.ஏ. வகுப்பு வந்தது 1967இல்தான். பணியிலிருப்போருக்கான வகுப்பே அங்கு முன்னே பிறந்தது. கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் இந்திய மேலாண்மை நிறுவனங்கள் 1961இல் எழுந்தன. ஆதலின், மாலை வகுப்பு என்பது பகல் வகுப்பின் நிழலாய்ப் பின்னர் வந்தது என்று எண்ணுவது எல்லா இடத்திற்கும் பொருந்தாது.

இவ்வரலாற்றிலிருந்து நான் எடுக்கும் அளவுகோல்களை இப்பொழுது வரிசையாகக் கூறுகிறேன்.

முதலாவது, தேர்வும் ஆசிரியரும். நீங்கள் சேர எண்ணும் நிறுவனத்தில் முழுநேர வகுப்பும் இருக்குமானால், இரண்டுக்கும் பாடத்திட்டம் ஒன்றா, வினாத்தாள் ஒன்றா, கற்பிப்போர் அவர்களேதாமா என்று கேளுங்கள். “வேலைக்குப் போகிறவர்கள்தானே, எளிதாகவே வைத்திருக்கிறோம்” என்று விடை வந்தால், அது சலுகை என்று மகிழ வேண்டா. உங்கள் பட்டத்தின் மதிப்பை அவர்கள் முன்னரே குறைத்துவிட்டார்கள் என்று பொருள். அரசு அமைப்புகளின் அங்கீகாரமும் கட்டாயம் வேண்டும். ஆனால் அங்கீகாரம் வாயிற்படியே; வாயிற்படியைப் பார்த்து வீட்டை விலைக்கு வாங்குவார் இலர்.

இரண்டாவது, வேலைக்கும் வகுப்புக்கும் உள்ள உறவு. ஹார்வர்டில் ஒரு முறை வளர்ந்தது. உண்மையான ஒரு நிறுவனம் சந்தித்த சிக்கலை எழுத்தில் வடித்து மாணவர்முன் வைத்து, “நீ அந்த மேலாளராய் இருந்தால் என்ன செய்வாய்?” என்று வினவுவர். வாணிக உலகைப் பாராத இளைஞரிடம் அவ்வுலகைக் கொண்டுவந்து காட்டும் உபாயம் அது. வேலைபார்க்கும் மாணவனோ அவ்வுலகிலிருந்து நேரே வகுப்புக்கு வருகிறான். நான் ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில், காலையில் கற்பித்தல் முறைபற்றிய பாடம் கேட்டுவிட்டு, பின்னர் உண்மையான வகுப்பறையில் நாற்பது சிறுவர்முன் நின்றபோதுதான் அப்பாடம் எனக்கு விளங்கிற்று. அதுபோல, இன்றைய பாடத்தை நாளைய அலுவலில் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு மாலை மாணவனுக்கு உண்டு. அவ்வாய்ப்பைப் பயன்படுத்தி, அவனைப் பேசவும் வாதிடவும் வைக்கும் வகுப்பா, அன்றிக் குறிப்புகளைப் படித்துச் சொல்லிவிட்டுக் கலையும் வகுப்பா என்று ஒருநாள் சென்று அமர்ந்து பாருங்கள். உடன் கற்போர் பல துறையினராய் இருப்பின் பயன் மிகும்.

மூன்றாவது, பணம். முழுநேரம் படிப்பவன் கட்டணத்தோடு, வேலைக்குச் செல்லாத காலத்தின் ஊதியத்தையும் இழக்கிறான். பகுதிநேரம் படிப்பவனுக்கு அவ்விழப்பு இல்லை. ஆனால் முழுநேர மாணவனுக்கு நிறுவனங்களில் இடைக்காலப் பயிற்சியும், கல்லூரிக்கே வந்து ஆள் எடுப்போரின் அழைப்பும் கிட்டுதல் கூடும். மாலை மாணவனுக்கு அவை பெரும்பாலும் அரிது. இருக்கும் துறையிலேயே உயர விரும்புவோனுக்கு மாலை வகுப்பு ஏற்றது. துறையையே மாற்ற விரும்புவோன் இருமுறை சிந்திக்க வேண்டும்.

நான்காவது, காலமும் உடலும். பலகையில் எழுதிக் காட்ட இயலாவிடினும், ஒரு கணக்கை உங்கள் முன் வைக்கிறேன். வாரத்திற்கு 168 மணி நேரம். உறக்கத்திற்கு 56, வேலைக்கு 48 கழித்தால் 64 எஞ்சும். உணவு, குளியல், அலுவலகம் சென்று திரும்புதல் இவற்றிற்கு நாளொன்றுக்கு 4 மணி வீதம் 28 போக, மிச்சம் 36. வாரத்தில் 4 மாலைகள் இரண்டரை மணி நேரம் வகுப்பு என்றால் 10, போய்வர 4, வீட்டில் படிக்க 8, ஆக 22. கடைசியில் கையில் நிற்பது 14 மணி, அதாவது நாளுக்கு இரண்டே மணி. பெற்றோர், மனைவி மக்கள், நோய், விருந்து, ஓய்வு அனைத்தும் அந்த இரண்டு மணிக்குள் அடங்க வேண்டும். அது ஓரிரு மாதத்திற்கு அன்று. மூன்று ஆண்டுக்கு நீடிக்கக்கூடும். இக்கணக்கை வீட்டாருடன் அமர்ந்து போடுங்கள். அவர்கள் இசைந்தால் பாதிப் படிப்பு முடிந்தது போலாகும். உறக்கத்திலிருந்து கடன் வாங்கி ஈடுகட்டலாம் என்று மட்டும் எண்ண வேண்டா. மக்டொனால்டு செய்த தவறு அதுவே.

இவற்றையெல்லாம் கேட்டுவிட்டு, “அப்படியானால் சேர வேண்டா என்கிறீர்களா?” என்று நீங்கள் வினவலாம். அன்று. தகுதியில் குறைவுபடாத ஒரு மாலை வகுப்பு, பகல் வகுப்புக்கு எவ்வகையிலும் தாழ்ந்ததில்லை என்பதே என் துணிபு. இரவில் படித்தவனுக்கு 1858இல் கிடைத்தது சலுகையன்று, சமமான தேர்வு. அந்தச் சமன்மையே பட்டத்திற்கு மதிப்பைத் தந்தது.

இதனைக் கேட்டுக்கொண்டிருக்கும் மாணவர்கள் பலருக்கு இந்த முடிவை எடுக்கும் வேளை இன்னும் வரவில்லை. சில ஆண்டுகளில் வரும். அப்பொழுது அழகிய அறிவிப்பு ஏடுகளும், எளிதில் பட்டம் என்ற உறுதிமொழிகளும் உங்களைத் தேடி வரும். அவற்றை ஒருபுறம் வைத்துவிட்டு, கற்பிப்பவர் யார், தேர்வு எத்தகையது, உடன் கற்போர் எவர், என் வீட்டின் நிலை என்ன என்னும் நான்கு கேள்விகளை ஒரு தாளில் எழுதி விடை தேடுங்கள். நான்கிற்கும் நேர்மையான விடை கிடைத்துவிட்டால், தயங்காது சேருங்கள்.