செங்கோட்டையும் திருவனந்தபுரத்துப் பட்டமும்

1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை மலையாள ராஜ்யத்து ஊர். திருவிதாங்கூர் அரசுக்கும் அதன் பின் திருவிதாங்கூர்-கொச்சிக்கும் உட்பட்டிருந்த இத்தாலுகாவின் சமவெளியில் பேச்சு தமிழ்; ஆட்சி திருவனந்தபுரத்தில். அந்த அரசில் இவ்வூர் மாணவர் மொழிச் சிறுபான்மையினர். பட்டப் படிப்புக்குத் திருநெல்வேலிதான் பக்கம். ஆனால் சர்க்கார் உத்தியோகம் மலைக்கு மேற்கே இருந்தது. திருநெல்வேலி கலெக்டர் ஆஷைச் சுட்ட இவ்வூர் வாஞ்சிநாதனும் திருவிதாங்கூர் வனத்துறையில் புனலூரில் வேலை பார்த்தவரே. 1904இல் ஆரியங்காவு வழியே கொல்லத்துக்கு ரயில் வந்தது. அது திருவனந்தபுரத்தை எட்டியது 1918இல்தான்.

திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் படித்தாலும் பட்டம் தந்தது சென்னைப் பல்கலைக்கழகம். திருவிதாங்கூருக்குத் தனிப் பல்கலைக்கழகம் 1937இல்தான் அமைந்தது. ஆலப்புழைத் தமிழரான பெ. சுந்தரம் பிள்ளை 1880இல் எம்.ஏ. தேறி, அக்கல்லூரியிலேயே தத்துவப் பேராசிரியராக இருந்தார். அவருடைய 'மனோன்மணீயம்' நாடகம் வெளிவந்த 1891ஆம் ஆண்டிலேயே, உயர்பதவிகளை வெளியூர்த் தமிழ்ப் பிராமணர்கள் பிடித்துக்கொண்டார்கள் என்று பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட மலையாளி மெமோரியல் மன்னரிடம் போனது. சிறுபான்மை என்றால் கல்வியில் பின்தங்கியோர் என்ற பொதுக் கணக்கு இங்கே செல்லாது. முன்னேறியவர்கள் சில சாதியினர் மட்டுமே. உழுதுண்ட தமிழரின் பிள்ளைகளுக்குக் கல்லூரி எட்டாத தொலைவில்தான் இருந்தது.

திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ்த்துறை அமைய அழகப்பச் செட்டியார் பொருள் கொடுத்தார். சென்னையில் ஓய்வுபெற்ற எஸ். வையாபுரிப்பிள்ளை 1951இல் அங்கே பேராசிரியரானார். அவருக்குப் பின் அத்துறையை வளர்த்த வடசேரிக்காரர் வ.அய். சுப்பிரமணியம், அமெரிக்காவின் இந்தியானாவில் முனைவர் பட்டம் பெற்றவர். 1981இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார்.

மாநிலச் சீரமைப்பில் தாலுகாவே இரண்டாயிற்று. கிழக்குப் பகுதி திருநெல்வேலி மாவட்டத்தில் சேர, அங்குள்ள மாணவர் ஊர் மாறாமலே பெரும்பான்மையினர் ஆனார்கள். இருந்தும் பட்டத்தைப் பக்கத்தில் கொண்டுவந்தது எல்லைக்கோடு அல்ல, கல்லூரிதான். திருக்குற்றாலநாதர் கோயில் 1964இல் குற்றாலத்தில் பராசக்தி மகளிர் கல்லூரியைத் தொடங்கியபோது, பெண்களுக்கு அது முதன்முதலாக வீட்டிலிருந்து போய்வரும் தூரமானது. 1966இல் மதுரையிலும் 1990இல் திருநெல்வேலியிலும் பல்கலைக்கழகங்கள் வந்தன. பின்னதற்கு அந்தச் சுந்தரம் பிள்ளையின், அதாவது மனோன்மணீயம் சுந்தரனாரின் பெயரையே வைத்தார்கள்.

ஆரியங்காவு, தென்மலைப் பகுதிகள் கேரளத்தோடு நின்றன. அங்குள்ள தமிழர் பிள்ளைகள் இன்றும் மொழிச் சிறுபான்மையினர். அந்த மாநிலத்திலேயே தமிழில் முதுகலையும் ஆராய்ச்சியும் படிக்க, திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகமாக இருந்த கேரளப் பல்கலைக்கழகத்தின் காரியவட்டம் வளாகத்தில் அந்தத் தமிழ்த்துறை இருக்கிறது.