கிரூவ்பாக்ஸ்

தாளக் கருவி, சிந்தசைசர், ஒலிகளை வரிசைப்படி வாசிக்கவைக்கும் சீக்குவென்சர் ஆகிய மூன்றும் ஒரே பெட்டிக்குள் அடங்கிய மின்னணு இசைக் கருவி கிரூவ்பாக்ஸ். கணினி தேவையில்லை, உடன் வாசிக்க ஆளும் தேவையில்லை. ஒருவரே தாளத்தையும் பேஸையும் மெட்டையும் பொத்தான்களால் அமைத்து, அவை சுற்றிச் சுற்றி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே குமிழ்களைத் திருப்பி மாற்றிக்கொண்டு போகலாம். இந்தப் பெயர் ஜப்பானின் ரோலண்டு நிறுவனம் 1996-இல் வெளியிட்ட எம்சி-303 என்ற கருவியோடு வந்தது. பிறகு மற்ற நிறுவனங்களின் பெட்டிகளுக்கும் அதுவே பொதுப்பெயராயிற்று. கருவியின் வரலாறு பெயருக்கு முந்தியது. பக்கவாத்தியமாக விற்கப்பட்ட ஒரு பெட்டி முன்வாத்தியமாக மாறிய வரலாறு அது.

பெரும்பாலான கிரூவ்பாக்ஸ்களின் முகப்பில் 16 பொத்தான்கள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு ஸ்டெப். பதினாறும் சேர்ந்தது ஒரு பேட்டர்ன். ஒரு விளக்கு இடமிருந்து வலமாக ஓடிக்கொண்டே இருக்கும். நாம் அழுத்தி வைத்த ஸ்டெப்பை அது தொடும்போது ஒலி எழும். கிக் டிரம்மை 1, 5, 9, 13-இலும், ஸ்னேரை 5, 13-இலும், ஹை-ஹேட்டை 3, 7, 11, 15-இலும் வைத்தால் ஹவுஸ் இசையின் அடிப்படைத் தாளம் கிடைத்துவிடும். கர்நாடக இசை தெரிந்தவருக்கு இந்தக் கணக்கு எளிது: 16 ஸ்டெப் என்பது சதுஸ்ர நடையில் நான்கு அட்சரம், அதாவது ஆதி தாளத்தில் அரை ஆவர்த்தனம். பேட்டர்னை 14-ஆம் ஸ்டெப்பில் முடித்துக்கொண்டால் மிஸ்ர சாப்பு இரண்டு சுற்று வரும். ஒரு டிராக்கை 16-இலும் இன்னொன்றை 12-இலும் சுழலவிட்டால், இரண்டும் 48 ஸ்டெப் கழித்தே மறுபடி சமத்தில் சந்திக்கும். மெட்டுக்கும் இதே வழிதான். ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் ஒரு ஸ்வரம், அது நீள வேண்டிய அளவு, அழுத்தம், அடுத்த ஸ்வரத்துக்கு வழுக்கிச் செல்ல வேண்டுமா என்பது வரை தனித்தனியாக எழுதி வைக்கலாம்.

இயந்திரத்தால் தாளம் போடும் முயற்சி 1931-இலேயே நடந்தது. இசையமைப்பாளர் ஹென்றி கவெல்லுக்காக லியோன் தெரமின் செய்துகொடுத்த ரித்மிக்கான் பல கால அளவுகளை ஒரே நேரத்தில் ஒலித்தது. வணிகத்துக்கு வந்தது 1959-இல் அமெரிக்காவின் வுர்லிட்சர் நிறுவனம் செய்த சைட்மேன். உள்ளே சுழலும் தட்டு ஒன்று மின்தொடர்புகளைத் தொட்டுத் தொட்டு ஃபாக்ஸ்டிராட், வால்ட்ஸ் போன்ற தாளங்களை வாசித்தது. வீட்டில் ஆர்கன் வாசிப்பவருக்குத் துணையாக விற்கப்பட்ட பெட்டி அது. மெட்டின் பக்கம் 1960-களில் டொனால்டு புக்லாவும் ராபர்ட் மூகும் தங்கள் சிந்தசைசர்களில் சீக்குவென்சர்களைச் சேர்த்தார்கள். மூகின் 960 வகையில் எட்டு ஸ்டெப்கள் மூன்று வரிசைகளாக இருந்தன. ஸ்டெப் ஒவ்வொன்றின் சுருதியையும் குமிழால் காதுக்குச் சரியாகத் திருப்பி வைக்க வேண்டும்.

இந்த இரண்டு வழிகளும் ஒன்றுசேர்ந்த இடம் ஒசாகா. அங்கே ஏஸ் டோன் நிறுவனத்தில் தாளப் பெட்டிகள் செய்துவந்த இகுதாரோ காகேஹாஷி 1972-இல் ரோலண்டைத் தொடங்கினார். 1977-இல் வந்த எம்சி-8, ஸ்வரங்களை எண்களாகத் தட்டி உள்ளிடும் சீக்குவென்சர். யெல்லோ மேஜிக் ஆர்க்கெஸ்ட்ரா போன்ற குழுவினர் பொறுமையோடு அதைக் கையாண்டார்கள். அடுத்த ஆண்டு வந்த சிஆர்-78-இல் வாசிப்பவர் தன் சொந்தத் தாளங்களையும் சேமிக்க முடிந்தது. 1980-இல் டிஆர்-808 வந்தது. சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், வெள்ளை என நான்கு நான்காக நிறம் பிரித்த அதன் 16 பொத்தான் வரிசைதான் இன்றுவரை பெரும்பாலான கிரூவ்பாக்ஸ்கள் பின்பற்றும் முகம்.

808-இன் டிரம் ஒலி உண்மையான டிரம் போல இல்லை என்பதே அன்றைய குறை. சுமார் 12,000 கருவிகள் செய்தபின் 1983-இல் உற்பத்தி நின்றது. அதன் ஒலிக்குத் தேவையான குறையுள்ள டிரான்சிஸ்டர்கள், குறைக்கடத்தித் தொழில்நுட்பம் மேம்பட்டதும் கிடைக்காமல் போனதே காரணம் என்று காகேஹாஷி பின்னாளில் சொன்னார். அதற்குள் 1982-இலேயே மார்வின் கேயும் ஆஃப்ரிகா பம்பாட்டாவும் அந்த ஒலியைத் தங்கள் பாடல்களின் மையத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

808-இன் தம்பி போன்ற டிபி-303-இன் கதை இன்னும் வியப்பானது. டடாவோ கிகுமோட்டோ வடிவமைத்து 1981-இல் வந்த இந்தச் சிறு பெட்டி, தனியாகப் பயிற்சி செய்யும் கிட்டார் கலைஞருக்கு பேஸ் வாசிக்க வேண்டியது. டிஆர்-606 உடன் நின்று டிரம்ஸ் வாசிக்கும். ஆனால் 303-இல் மெட்டு எழுதுவது சிரமம். முதலில் ஸ்வரங்களை மட்டும் வரிசையாக உள்ளிட வேண்டும். பிறகு தனியாக எந்த ஸ்டெப்பில் ஸ்வரம், எங்கே நீட்டல், எங்கே மௌனம் என்று காலக்கணக்கை உள்ளிட வேண்டும். இரண்டில் ஒன்று ஓரிடத்தில் பிசகினாலும் நினைத்தே பார்க்காத ஒரு மெட்டு ஓடத் தொடங்கும். விற்பனை படுத்துவிட, 1984-இல் நிறுத்தப்பட்டு, பழைய சாமான் கடைகளில் மலிவாகக் கிடைத்தது.

303-இன் வழுக்கலில் இருந்த இசையை முதலில் பிடித்தவர்களில் ஒருவர் மும்பையின் சரண்ஜித் சிங். இந்தித் திரைப்பட இசைக்குழுக்களில் கிட்டார் வாசித்துவந்த அவர், 1982-இல் டிபி-303, டிஆர்-808, ஜூபிடர்-8 சிந்தசைசர் ஆகியவற்றைக் கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் அமைத்த இசைத்தட்டை வெளியிட்டார். அதில் உள்ள பூபாலி நம் மோகனம். மால்கௌன்ஸ் நம் இந்தோளம். கலாவதி நம் வலஜி. ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு இழைந்து போகும் ராக நடைக்கு 303-இன் ஸ்லைடு வசதி அப்படியே பொருந்தியது. அன்று யாரும் பொருட்படுத்தாத அந்தத் தட்டு 2010-இல் மறுபதிப்பானது. அதைக் கேட்டு வியந்த ஐரோப்பியர்களின் மேடைகளில் முதிய வயதில் வாசித்துவிட்டு, 2015-இல் அவர் மறைந்தார்.

303-ஐ உலகம் அறிந்தது சிகாகோ வழியாகத்தான். அந்நகரின் ஃப்யூச்சர் குழுவைச் சேர்ந்த இளைஞர்கள், ஒரே பேட்டர்னை ஓடவிட்டு ஃபில்டர் குமிழ்களைத் தொடர்ந்து திருப்பினார்கள். பேஸ் கிட்டார் என்ற பாவனையெல்லாம் உதிர்ந்து, கீச்சிட்டும் குமுறியும் பேசும் ஒரு புதிய குரல் வந்தது. 1987-இல் டிராக்ஸ் நிறுவனம் வெளியிட்ட அவர்களுடைய 'ஆசிட் டிராக்ஸ்' பத்து நிமிடத்துக்கும் மேல் நீளும். ஆசிட் ஹவுஸ் என்ற வகை அதிலிருந்து பிறந்தது. கிரூவ்பாக்ஸ் வாசிப்பு இந்தக் கணத்தில்தான் உருவாயிற்று என்பேன். ஸ்வரங்களை எழுதுவது பாதி வேலை. ஓடும்போது குமிழைத் திருப்பும் கைதான் மறு பாதி.

இடையில் இரண்டு மாற்றங்கள் நடந்தன. 1983-இல் வந்த மிடி, வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகளை ஒரே கேபிளில் ஒன்றோடொன்று காலம் தவறாமல் ஓடவைத்தது. தாள இயந்திரங்களை வடிவமைத்த ரோஜர் லின் தம் எல்எம்-1-இலும் 1988-இன் அகாய் எம்பிசி60-இலும் ஸ்விங்கைத் தந்தார்: இரண்டாவது, நான்காவது என ஒன்றுவிட்டு ஒன்றான பதினாறில் ஒரு பங்கு ஸ்வரங்களைச் சற்றே தாமதப்படுத்தி, கட்டத்துக்குள் அடைந்த தாளத்துக்கு ஆட்டம் கொடுப்பது. ஹிப்ஹாப் அதில் வளர்ந்தது.

1990-களின் நடுவில் பழைய 303, 808-களின் விலை ஏறிவிட, ரோலண்டு அவற்றின் ஒலிகளைப் பதிவுசெய்து எம்சி-303-இல் அடைத்தது. மூலக் கருவிகளைப் போல அனலாக் இல்லை என்ற புகார் இருந்தது. ஆனால் எட்டு டிராக்குகளும் சீக்குவென்சரும் ஒரே பெட்டியில், ஒரு மாணவர் வாங்கக்கூடிய விலையில் கிடைத்தன. 1998-இல் வந்த எம்சி-505 இன்னும் விரிவானது. கையைக் காற்றில் அசைத்து ஒலியை வளைக்கும் டி-பீம் கூட அதில் இருந்தது. கனடாவின் பாடகி பீச்சஸ் 2000-இல் வெளியிட்ட தம் ஆல்பத்தை அந்த ஒரு பெட்டியைக் கொண்டே அமைத்தார்.

பீச்சஸ்தான் எம்.ஐ.ஏ. என அறியப்படும் பாடகி மாதங்கி அருட்பிரகாசத்தையும் 505 பக்கம் இழுத்தார். லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் குழந்தைப் பருவத்தைக் கழித்து, அகதியாக லண்டன் திரும்பிய மாதங்கி அப்போது எலாஸ்டிகா குழுவின் பயணத்தைப் படம்பிடிக்கப் போனவர். பீச்சஸ் அந்தப் பயணத்தில் அக்குழுவுக்கு முன்னால் மேடையேறியவர். இசை வாசிக்கத் தெரியாது என்று தயங்கிய மாதங்கிக்கு அவர் கொடுத்த ஊக்கமும், எலாஸ்டிகாவின் ஜஸ்டின் ஃபிரிஷ்மன் இரவல் கொடுத்த 505-உம் போதுமானதாயின. அதிலும் நான்கு டிராக் டேப் ரிக்கார்டரிலும் செய்த டெமோக்களிலிருந்து 'கலாங்' பாடலும், தந்தையின் இயக்கப் பெயரைத் தாங்கிய 'அருளர்' (2005) ஆல்பமும் உருவாயின. ஸ்டுடியோவும் இசைக்குழுவும் பயிற்சியும் இல்லாத ஒருவருக்கு 16 பொத்தான்கள் எதைத் திறந்துவிட முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இந்தக் கருவியின் வரலாற்றில் இல்லை. தமிழ்க் கலைஞர் ஒருவரின் பெயர் அந்த வரலாற்றின் நடுவில் நிற்பது பெருமைக்குரியது.

1999-இல் யமஹா ஆர்எம்1எக்ஸ், கோர்க் எலெக்ட்ரைப் இரண்டும் வந்தன. கருத்தளவில் பெரிய அடி எடுத்து வைத்தது சுவீடனின் எலெக்ட்ரான். 2001-இன் மெஷின்டிரம்மில் ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் தனித்தனி ஒலியமைப்பைப் பூட்டி வைக்க முடிந்தது: ஒரே ஸ்னேர், ஒரு ஸ்டெப்பில் காய்ந்த ஒலியாகவும் அடுத்ததில் நீண்ட எதிரொலியோடும் வரும். சிகாகோவில் கை செய்த வேலையை இங்கே ஸ்டெப்பே செய்தது.

கணினி மென்பொருள்கள் மலிந்தபோது இந்தப் பெட்டிகள் ஓய்ந்துபோகும் என்றுதான் தோன்றியது. நடந்தது வேறு. கோர்க்கின் வோல்கா வரிசை 2013-இலும், நோவேஷன் சர்க்யூட் 2015-இலும், எலெக்ட்ரான் டிஜிடாக்ட் 2017-இலும் வந்தன. ரோலண்டே 2019-இல் எம்சி-101, எம்சி-707 ஆகியவற்றோடு தன் பழைய பெயருக்குத் திரும்பியது. திரையைப் பார்க்காமல், கைக்கு எட்டும் குமிழ்களோடு மட்டும் வாசிக்க விரும்புவோர் எண்ணிக்கை குறையவில்லை.

இன்றைய பெட்டிகளில் ஒரு ஸ்டெப் ஒலிக்குமா என்பதையே நிகழ்தகவுக்கு விடலாம். நான்கு சுற்றுக்கு ஒருமுறை மட்டும் வா என்று நிபந்தனை வைக்கலாம். கட்டத்திலிருந்து நூலிழை முன்னோ பின்னோ நகர்த்தலாம். எட்டு டிராக்குகளில் இப்படிச் சில நிபந்தனைகளை இட்டால், 16 ஸ்டெப் பேட்டர்ன் ஒன்று பல நிமிடங்கள் ஓடியும் ஒரே மாதிரி இருமுறை ஒலிக்காமல் போகும்.