குழந்தைகளின் கையில் நூல்

அடையாற்றின் முகத்துவாரத்தை இடையே வைத்து, வடகரையில் ராஜா ஸர் அண்ணாமலைச் செட்டியாரின் பெயர் கொண்ட ராஜா அண்ணாமலைபுரமும், தென்கரையில் பிரம்மஞான சபையின் விருட்சங்கள் அடர்ந்த தோட்டமும் அமைந்திருக்கின்றன. 1939-ஆம் ஆண்டின் இறுதியில் அத்தோட்டத்திற்கு வந்து, ஏறத்தாழ 300 பேருக்குச் சிசு சிக்ஷண முறையைப் போதித்த இத்தாலிய மாது மரியா மாண்டிசோரியின் உபகரணங்களில் ஒன்று மரச்சட்டம். அதில் பொருத்திய இரு துணிகளின் துளைகளில் சின்னஞ்சிறு குழந்தை கயிற்றைக் கோத்து, இழுத்து, முடிந்து, பின் அத்தனையையும் தானே அவிழ்த்துவிடும். விற்பதற்கோ, வீட்டிற்குக் கொண்டுபோய்க் காட்டுவதற்கோ ஒரு வஸ்துவும் மிஞ்சாது. இதுவே அதன் விசேஷம். ஏனெனில், நம் நாட்டில் குழந்தையின் கையில் நூலைக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் ஏதேனுமொரு பலனை எதிர்பார்த்தே கொடுத்தார்கள்.

நாகர்கோவிலில் லண்டன் மிஷன் பாதிரியார் சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா, 1820-களின் தொடக்கத்தில், பள்ளிச் சிறுமியருக்கு 'லேஸ்' பின்னக் கற்பித்தார். திண்டில் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போடும் அந்த நுண்ணிய வேலை விலைக்குப் போயிற்று. அவர் மகள் எலைஸா, கால்டுவெல் பாதிரியாரை மணந்து இடையன்குடிக்குச் சென்றபோது, லேஸும் உடன் சென்றது.

மேனாட்டிலோ, ஜெர்மனியில் 1837-இல் குழந்தைப் பள்ளி தொடங்கிய பிரோபெல், கம்பளி நூலால் மூடிய ஆறு வண்ணப் பந்துகளையே சிசுவின் முதல் விளையாட்டுப் பொருளாக வகுத்தார். குளிரென்பதையே அறியாத சென்னைக் குழந்தைகளுக்கும் பிற்காலத்தில் 'உல்லன்' நூல் வந்து சேர்ந்ததற்கு இத்தகைய மேனாட்டு வழக்கமன்றி வேறென்ன காரணம் இருக்க முடியும்?

கம்பளியன்றி, பருத்திக்கு உரிய ஸ்தானத்தை அளித்தது நூல் நூற்கும் தக்ளிதான். 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய மகாநாட்டையடுத்து, ஜாகீர் ஹுசேன் கமிட்டி வகுத்த ஆதாரக் கல்வித் திட்டம், பள்ளிப்பொழுது ஐந்தரை மணியில் 3 மணி 20 நிமிஷத்தைக் கைத்தொழிலுக்கே ஒதுக்கியது. அக்கைத்தொழில்களுள் ஒன்றான நூற்பில், வட்டும் கம்பியுமான எளிய கருவியாகிய தக்ளியை ஒரு கை விரல்கள் சுழற்ற, மறு கையிலுள்ள பஞ்சுத் திரி முறுக்கேறி நூலாக நீளும். சற்று அவசரப்பட்டால் அறுந்துவிடும். நூற்றதைச் சிட்டமாகச் சுற்றும்போது கணக்குப் பாடம் தானே பிறக்கிறது. சிட்டம் ஒன்றுக்கு 840 கஜம். ஒரு ராத்தலில் 20 சிட்டம் அடங்கினால் அது 20-ஆம் நம்பர் நூல். அப்படியானால் ஒரு ராத்தல் பஞ்சு 16,800 கஜம் ஓடுகிறது என்பதைக் கரும்பலகையின் தயவின்றியே பிள்ளை அறிந்துகொள்ளலாம். இதற்கு நிகரான கணக்குப் பாடம் ஒன்றை நான் கண்டதில்லை.

எனினும், பிள்ளைகள் நூற்ற நூலின் விலை பள்ளிச் செலவிற்கு உதவவேண்டுமென்பது காந்தியடிகளின் எண்ணம். வருமானத்தைப் பெரிதாக்கினால் கல்வியின் நோக்கம் பலியாகிவிடும் என்று கமிட்டியே எச்சரித்தது. இத்தனைக்கும், 1931-இல் லண்டனில் மாண்டிசோரியின் பயிற்சி நிலையத்திற்குச் சென்ற காந்தியடிகள், இப்போதனை ஏழைக் குழந்தைகளுக்கும் எட்டவேண்டுமென்று விரும்பியவர்தாம். ஆனால் ஏழைநாட்டின் பள்ளிக்குப் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி அவரை விடவில்லை.

1953-இல் ராஜாஜி கொணர்ந்த திட்டம் பள்ளிநேரத்தைக் குறைத்து, மிச்சப்பொழுதில் பெற்றோரின் தொழிலைக் கற்கும்படி பிள்ளைகளுக்குச் சொன்னது. குலக்கல்வியென்று கண்டிக்கப்பட்டு, மறு ஆண்டே காமராஜரால் கைவிடப்பட்டது. எதிர்த்தவர்களின் அச்சம் நியாயமானதே. ஆனால் அந்தக் கோபத்தில் கைவேலையின் மீதே ஒரு வெறுப்பு படிந்துவிட்டதென்று நினைக்கிறேன்.

இன்று அடையாற்றின் இரு கரையிலும் உள்ள மழலையர் பள்ளிகளில், அட்டையில் வரைந்த ஆட்டுக்குட்டியின்மேல் கம்பளி நூலைத் துண்டுதுண்டாக நறுக்கி ஒட்டும் வேலை நடக்கிறது. அதில் பாதியை, முதல் நாள் இரவில் தாய்மார்களே ஒட்டிக்கொடுத்து விடுகிறார்கள்.